கேளாச் செவிக்கு ஒலி வந்த வரலாறு

புதுக்கோட்டை நகரிலிருந்து சுமார் 20 கிலோமீட்டர் தொலைவில் குடுமியான்மலை என்னும் ஊர் உள்ளது. அங்கே மேலைக்கோயில் என வழங்கும் குடைவரைக் கோயிலை அடுத்த பாறையில், இசைச் சுரங்கள் ஏழு பிரிவுகளாகக் கிரந்த எழுத்தில் வெட்டப்பட்டுள்ளன. ஏழாம் அல்லது எட்டாம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்று அறிஞர் கருதும் அக்கல்வெட்டின் இறுதியில், உருத்திராசாரியர் என்பவரின் மாணவனாகிய ஓர் அரசன் இதனை மாணாக்கரின் நன்மைக்காகச் செய்தான் என்ற குறிப்புக் காணப்படுகிறது. ஆசிரியத் தொழிலில் முப்பத்தைந்து ஆண்டுகள் கழித்தவன் நான். ஆதலால், 'மாணாக்கரின் நன்மைக்காக' என்னும் அச்சொற்கள் அப்பாறைக்குச் செல்லும்போதெல்லாம் என் மனத்தைத் தொடுவதுண்டு. ஆனால் அச்சொற்களே என்னைத் தலைகுனியச் செய்ததும் உண்டு. அதன் காரணத்தைச் சொல்லிவிட்டு, இன்றைய பொருளுக்கு வருகிறேன்.

ஆசிரியர் பயிற்சியை முடித்து, அன்னவாசலை அடுத்த ஒரு சிற்றூரில் நான் பணியாற்றிய காலம். 1984ஆம் ஆண்டு என் மூன்றாம் வகுப்பில் ஒரு சிறுவன் இருந்தான். கேட்ட கேள்விக்கு விடை சொல்ல மாட்டான். என் முகத்தையே உற்று நோக்குவான். நான் கரும்பலகைப் பக்கம் திரும்பியதும் அவன் பார்வை தடுமாறும். மந்த புத்தி உடையவன் என்று முடிவு செய்து அவனைக் கடைசி வரிசையில் அமர்த்தினேன். ஒருநாள் மாலை, பள்ளி விடும் மணி அடித்தது. பிள்ளைகள் அனைவரும் ஆரவாரத்துடன் ஓடினர். வாசலுக்கு முதுகைக் காட்டி அமர்ந்திருந்த அவன் மட்டும் சிலேட்டில் எழுதிக்கொண்டே இருந்தான். அப்போதுதான் எனக்கு உண்மை விளங்கிற்று. என் உதடுகளைப் படித்தே ஓரளவு பாடம் கற்றுவந்த பிள்ளையை, உதடுகள் தெரியாத இடத்திற்கு அனுப்பிவிட்டேன். "பிறந்ததிலிருந்தே அவன் அப்படித்தானுங்க, சார்" என்றார் அவன் தந்தை. அடுத்த ஆண்டு அவன் பள்ளிக்கு வரவில்லை; ஆடு மேய்க்கப் போய்விட்டான்.

திருவள்ளுவர் கல்வி, கல்லாமை என்ற அதிகாரங்களை அடுத்துக் கேள்வி என்பதற்குத் தனி அதிகாரம் வகுத்தார். எழுத்தறியாதவனுக்கும் செவி வழியே அறிவு வந்து சேரும் என்பது நம் முன்னோர் கண்ட உண்மை. அச்செவியும் அடைபட்டுப் பிறந்த குழந்தையின் நிலை என்ன? ஒலியைக் கேளாத குழந்தை மொழியைக் கேளாது. கேளாத மொழியைப் பேசவும் மாட்டாது. அதன் நாவிலும் குரல்வளையிலும் குறை ஒன்றும் இல்லை. இவ்வுண்மையை அறியாமல், செவிட்டூமை என்று ஒரே சொல்லில் முடித்து, அறிவும் இல்லை என்று உலகம் நெடுங்காலம் தள்ளி வைத்தது.

அந்தத் தவறான எண்ணத்தை முதலில் அசைத்தவர்கள் ஆசிரியர்களே. பதினெட்டாம் நூற்றாண்டில் பாரிஸ் நகரில் தெ லெப்பே என்னும் பாதிரியார், காது கேளாதார் தமக்குள் வழங்கிய சைகைகளையே பாடமொழியாகக் கொண்டு ஒரு பள்ளியை நடத்தினார். 1880இல் மிலான் நகரில் கூடிய ஆசிரியர் மாநாடு, பேச்சுமுறையே மேலானது, சைகை ஆகாது என்று தீர்மானித்தது. அத்தீர்மானத்தால் பல நாடுகளில் பல தலைமுறைப் பிள்ளைகள் துன்புற்றனர். நம் நாட்டில் பம்பாயில் 1885இல் இத்தகைய பள்ளி தோன்றியது. அந்நூற்றாண்டு முடிவதற்குள் பாளையங்கோட்டையில் பிளாரன்ஸ் சுவெயின்சன் அம்மையார் தொண்டால் ஒரு பள்ளி எழுந்தது. சென்னையில் 1969இல் தொடங்கிய பால வித்யாலயா, மிக இளம் பருவத்திலேயே குழந்தைகளைச் சேர்த்துப் பேச்சுப் பயிற்சி அளித்து வழிகாட்டியது.

ஆசிரியர்கள் இவ்வாறு உழைத்துக்கொண்டிருந்தபோது, அறிவியலார் செவியின் உள்ளே சென்று பார்த்தனர். உட்செவியில் நத்தைக் கூட்டைப்போல் இரண்டரைச் சுற்றுக்குச் சற்றுக் கூடுதலாகச் சுருண்ட ஓர் உறுப்பு இருக்கிறது. அதனைக் காக்ளியா என்பர். விரித்தால் சுமார் 35 மில்லிமீட்டர் நீளமே இருக்கும். அதனுள் நுண்ணிய மயிரணுக்கள் வரிசையாக அமைந்துள்ளன. வீணையின் மெட்டுகளைப்போலவே இங்கும் ஒவ்வோர் இடத்திற்கும் ஒரு சுருதி உண்டு. நுழைவாயிலை அடுத்த பகுதி உச்ச ஒலிகளையும், சுருளின் முனை கீழ் ஒலிகளையும் ஏற்கும். இதனை ஆராய்ந்த பெகெசி என்பார் 1961இல் நோபல் பரிசு பெற்றார். பிறவிச் செவிடு பெரும்பாலும் இம்மயிரணுக்கள் பழுதுபட்டதால் நேர்வது. அணுக்கள் பழுதாயினும், மூளைக்குச் செய்தி கொண்டுசெல்லும் செவி நரம்பு பல குழந்தைகளிடம் உயிரோடு இருக்கிறது. வாயில் அடைபட்டது, வழி அடைபடவில்லை. அப்படியானால் நரம்பையே நேராக மின்சாரத்தால் தூண்டினால் என்ன? இக்கேள்வியிலிருந்துதான் காக்ளியர் கருவி பிறந்தது.

இத்தாலிய நாட்டு வோல்ட்டா, தாம் கண்டுபிடித்த மின்கலத்தைத் தம் இரு காதுகளிலும் இட்ட உலோகக் கோல்களில் இணைத்தார். தலையில் அதிர்ச்சி தாக்க, கெட்டியான குழம்பு கொதிப்பது போன்ற ஓசை கேட்டது என்று 1800ஆம் ஆண்டளவில் எழுதினார். அதன்பின் ஒன்றரை நூற்றாண்டு சென்றது. 1957இல் பாரிஸில் ஜூர்னோ, எரியே என்னும் இருவர் காது கேளாத ஒருவரின் செவி நரம்பருகே மின்முனை பதித்தனர். அவர் ஒலியின் தாளத்தை உணர்ந்தார். ஆனால் அக்கருவி விரைவில் பழுதாயிற்று. 1961இல் அமெரிக்காவில் வில்லியம் ஹவுஸ் என்னும் மருத்துவர் காக்ளியாவுக்குள்ளேயே மின்கம்பியைச் செலுத்தினார். உடல் அதனை ஏற்காமையால் சில வாரங்களில் எடுத்துவிட நேர்ந்தது. ஆயினும் அவர் சோர்ந்துவிடவில்லை. அவர் வளர்த்த ஒற்றை மின்முனைக் கருவி 1984இல் பெரியவர்களுக்கு உரியதென அமெரிக்க அரசின் ஒப்புதல் பெற்றது.

ஒரே மின்முனையால் தாளம் தெரியும்; சொல் தெரியாது. பேச்சு விளங்க வேண்டுமாயின் பல இடங்களில் பல மின்முனைகள் வேண்டும். வியன்னாவில் இங்கபோர்க் ஹொக்மயர், எர்வின் ஹொக்மயர் தம்பதியர் உருவாக்கிய பல முனைக் கருவி 1977 டிசம்பரில் பொருத்தப்பட்டது. ஆஸ்திரேலியாவில் கிரேம் கிளார்க் என்பவர் இதற்கே வாழ்வை அளித்தார். மருந்துக்கடை நடத்திய அவருடைய தந்தையார் செவி மந்தமுற்றவர். வாடிக்கையாளர் மெல்லிய குரலில் கேட்பதை உரக்கச் சொல்லச் சொல்லித் தந்தை படும் நாணத்தை மைந்தர் இளமையிலேயே கண்டிருந்தார். சுருண்ட நத்தைக்குள் மின்முனைத் தொடரை எப்படி ஏற்றுவது என்று திகைத்திருந்த கிளார்க், 1977இல் ஒரு கடற்கரையில் கிளிஞ்சலுக்குள் புல்லிதழைச் செலுத்திப் பார்த்தார். நுனி மெல்லியதாகவும் அடி உரமாகவும் உள்ள புல் வளைந்து உள்ளே ஏறிற்று. அதையே அளவாகக் கொண்டார். 1978 ஆகஸ்டு முதல் நாள் மெல்போர்னில் ராட் சாண்டர்ஸ் என்பவருக்கு அறுவை செய்தார். பின்னர்க் கருவியை இயக்கிச் சோதித்தபோது, அரசியை வாழ்த்தும் நாட்டுப்பண்ணின் மெட்டைக் கேட்டதும் அம்மனிதர் கம்பிகளோடு எழுந்து நின்றுவிட்டாராம்! அவ்வழியில் வந்த கருவி 22 மின்முனைகள் உடையதாக வளர்ந்தது. நம் இசை நூலார் வகுத்த சுருதிகளும் இருபத்திரண்டே. இது தற்செயல் ஒற்றுமைதான். எனினும் குடுமியான்மலைக்காரனாகிய எனக்கு இனிக்கிறது. 1990இல் இரண்டு வயதுக் குழந்தைக்கும் இதனைப் பொருத்த அமெரிக்காவில் ஒப்புதல் கிடைத்தது.

அறுவை செய்பவர் மருத்துவர். ஆனால் கருவிக்கு உயிர் கொடுப்பவர் கேட்பியல் வல்லுநர். ஆடியாலஜிஸ்ட் என்று ஆங்கிலத்தில் வழங்கும் இத்தொழில், இரண்டாம் உலகப் போரில் வெடிச்சத்தத்தால் செவி இழந்த போர்வீரர்களுக்குப் பயிற்சி அளித்த மருத்துவமனைகளில் தனித் துறையாக உருப்பெற்றது. நம் நாட்டில் 1965இல் மைசூரில் அகில இந்தியப் பேச்சு, கேள்வி நிறுவனமும், 1983இல் பம்பாயில் அலி யாவர் ஜங் பெயரால் தேசிய நிறுவனமும் நிறுவப்பட்டன. 1992ஆம் ஆண்டின் மறுவாழ்வுக் குழுமச் சட்டம் இத்தொழிலர்க்குப் பதிவும் தகுதியும் வகுத்தது.

கருவி வந்தது, வல்லுநரும் வந்தனர். ஆனால் அதன் விலை பல இலட்சம் ரூபாய். மானாவாரி நிலத்தில் கடலை விதைத்து மழைக்கு வானம் பார்க்கும் நம் மாவட்டத்து உழவனுக்கு அது எட்டாக் கனியன்றோ? 2009இல் தமிழக அரசு தொடங்கிய மருத்துவக் காப்பீட்டுத் திட்டமும், 2012இல் அதன் வழி வந்த விரிவான காப்பீட்டுத் திட்டமும் அக்கனியைத் தாழ்த்தி வைத்தன. ஆறு வயதுக்கு உட்பட்ட ஏழைக் குழந்தைக்கு அறுவையும் கருவியும் கட்டணமின்றிக் கிடைக்க வழி பிறந்தது.

2021ஆம் ஆண்டு ஒரு காலைப் பொழுது. நரை தொடங்கிய ஒருவர் என் வீட்டுத் திண்ணையில் வந்து நின்று, என் முகத்தை உற்று நோக்கினார். அந்த நோக்கை நான் மறக்கவில்லை. என் பழைய மாணாக்கன்! உடன் வந்திருந்த அவர் மகள் கையில் ஒன்றரை வயதுப் பெண் குழந்தை. "ஐயா, பாப்பாவுக்கும் காது கேட்கவில்லை என்கிறார்கள். இந்தத் தாள்களையெல்லாம் எழுதித் தர வேண்டும்" என்றாள் அப்பெண். வருமானச் சான்று, குடும்ப அட்டை, காப்பீட்டு அட்டை என ஒவ்வொன்றையும் ஒழுங்கு செய்து, அவர்களுடன் நகரத்து மருத்துவமனைக்கு நானும் சென்றேன். உறங்கும் குழந்தையின் தலையில் மின்முனைகளை ஒட்டி, ஒலிக்கு நரம்பு விடையளிக்கிறதா என்று பார்க்கும் பெரா சோதனையும் பிறவும் முடிந்தன. அறுவையும் நன்கு முடிந்தது. புண் ஆறியபின், சில வாரங்கள் கழித்துக் கருவியை இயக்கும் நாள் குறித்தார்கள்.

அன்று நான் கண்டது ஓர் ஆசிரியப் பணி. வல்லுநர் இளம்பெண். குழந்தையின் செவிக்குப் பின்னே ஒலிச்செயலியை மாட்டி, காந்தத்தால் தலையில் பதியவைத்தார். ஒவ்வொரு மின்முனையாக எடுத்து, மெல்லக் கேட்கும் அளவு எது, உறுத்தாமல் தாங்கும் அளவு எது என்று கணினியில் குறித்துக்கொண்டே சென்றார். குழந்தை வாய் திறந்து சொல்லுமா? கண் இமைப்பதும், ஆட்டிய பொம்மையை நிறுத்துவதும், தாயை நோக்கித் திரும்புவதுமே விடைகள். அவ்விடைகளைப் படிப்பதில்தான் அத்தொழிலின் நுட்பம் எல்லாம் இருக்கிறது. திடீரெனக் குழந்தை வீறிட்டு அழுதது. தாய் பதறினாள். "ஐயா, இன்றைக்கு இந்த அழுகைதான் நமக்கு நல்ல செய்தி" என்றார் அவ்வல்லுநர். பாட்டனார் மட்டும் ஒன்றும் கேளாமல் எங்கள் முகங்களை மாறி மாறிப் பார்த்தார். நான் என் காதைத் தொட்டு, குழந்தையைச் சுட்டிக் காட்டித் தலையசைத்தேன். அவர் கண்கள் கலங்கின. அவர் ஆறு வயதுக்குள் இருந்தபோது இத்திட்டமும் இல்லை, கருவியும் இல்லை. ஆனால் முன்வரிசை இருந்தது. அதை நான் கொடுக்கவில்லை.

அன்றோடு வேலை முடிந்துவிடவில்லை, அன்றுதான் தொடங்கிற்று. கேட்கும் ஒலிக்குப் பொருள் கற்பிக்க வேண்டும். வாரந்தோறும் பயிற்சி, மாதந்தோறும் அளவு திருத்தம் என்று ஓராண்டுக்கு மேல் அப்பெண் குழந்தையுடன் பேருந்தில் அலைந்தாள். நம் ஊர் வியர்வை கருவிக்குப் பகை. இரவில் அதனை ஈரம் உறிஞ்சும் மணிகளிட்ட பெட்டியில் வைக்க வேண்டும். கம்பி அறுந்தால், மின்கலம் தீர்ந்தால் மீண்டும் மௌனந்தான். இவற்றுக்கு அஞ்சிக் கருவியைப் பெட்டியில் பூட்டி வைத்த வீடும் உண்டு. பயிற்சியில்லாத கருவி, ஆசிரியர் இல்லாத பள்ளிக்கூடம் போன்றது.

இன்னும் ஒன்றும் சொல்ல வேண்டும். எல்லாச் செவிக்கும் இக்கருவி பொருந்தாது. நரம்பே இல்லாதாரும், காலம் கடந்து வருவோரும் உளர். அவர்களுக்குச் சைகை மொழி குறைமொழி அன்று. இலக்கணம் உடைய நிறைமொழி. இந்தியச் சைகை மொழிக்கென 2015இல் மைய அரசு ஓர் ஆய்வு நிறுவனம் அமைத்தது. கேட்பவர் பேசுவதும், கேளாதார் சைகை செய்வதும் மனிதர் ஒருவரை ஒருவர் அடையும் வழிகளே.

என் ஆசிரியத் தோழர்களுக்கு ஒரு வேண்டுகோள். கூப்பிட்டால் திரும்பாத பிள்ளையை அடங்காதவன் என்றும், விடை சொல்லாத பிள்ளையை மந்தம் என்றும் பதிவேட்டில் எழுதுமுன், அவன் முதுகுக்குப் பின் நின்று ஒருமுறை கை தட்டிப் பாருங்கள். ஐயம் எழுந்தால் மாவட்டத் தலைமை மருத்துவமனைக்கு அனுப்புங்கள். பெற்றோர்களே, பிறந்த குழந்தை கதவு சாத்தும் ஓசைக்குத் திடுக்கிடாவிட்டால், வளர்ந்தால் சரியாகிவிடும் என்று காத்திராதீர்கள். மொழியை எளிதில் ஏற்கும் இளமை சில ஆண்டுகளே. போன ஆண்டு மீளாது.

அக்குழந்தை இப்போது எங்கள் ஊர்ப் பள்ளியில் படிக்கிறாள். சென்ற மாதம் அவளைப் பாட்டனாருடன் குடுமியான்மலைக்கு அழைத்துச் சென்றேன். பாறையின் எழுத்துகளைக் காட்டி, இவை பாட்டு என்றேன். "பாட்டா? கேட்கவில்லையே, தாத்தா!" என்று காதைப் பாறையருகே கொண்டுபோனாள். வாசித்தால்தான் கேட்கும் என்று சொல்லி, ஸ ரி க ம என்று எனக்குத் தெரிந்த அளவில் பாடிக் காட்டினேன். அவளும் திருப்பிச் சொன்னாள். சுருதி சேரவில்லை, அது என் பிழையாகவும் இருக்கலாம். பாட்டனார் எங்கள் இருவர் உதடுகளையும் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். இம்முறை அவர் முன்வரிசையில் அமர்ந்திருந்தார்.