முத்திரை சேகரிப்பு (விழுப்புரம் – திண்டிவனம் வட்டாரம்)

முத்திரை சேகரிப்பு என்பது ரப்பரிலோ உலோகத்திலோ செய்த அச்சுகளையும், அவை தாளில் பதிக்கும் உருவங்களையும் தேடித் தொகுக்கும் பொழுதுபோக்கு. இதில் இரண்டு கிளைகள் உண்டு. பூ, பறவை, எழுத்து எனப் படம் பொறித்த அலங்கார ரப்பர் ஸ்டாம்புகளைச் சேர்ப்பது ஒன்று. அஞ்சலகங்கள் உறைமேல் குத்தும் முத்திரைகளை, சிறப்பாகப் பட முத்திரைகளைச் சேர்ப்பது மற்றொன்று. தமிழ்நாட்டில் அமைப்பாக வேரூன்றியது இரண்டாவது கிளையே. பல ரயில் பாதைகள் கூடும் சந்திப்பு, பிரெஞ்சு ஆட்சியில் இருந்த புதுச்சேரியின் அண்மை, மாறிக்கொண்டே வந்த மாவட்ட எல்லை ஆகிய மூன்றும் சேர்ந்து விழுப்புரம், திண்டிவனம் பகுதியைச் சேகரிப்பாளர் கவனிக்க வேண்டிய வட்டாரமாக ஆக்கியுள்ளன.

ரப்பர் ஸ்டாம்பின் தோற்றம்

ரப்பரைக் கந்தகத்துடன் சூடாக்கி உறுதிப்படுத்தும் முறைக்கு அமெரிக்கரான சார்லஸ் குட்இயர் 1844-இல் காப்புரிமை பெற்றார். ரப்பர் ஸ்டாம்ப் அதற்குச் சுமார் இருபது ஆண்டுகள் கழித்து, 1860-களில் அமெரிக்காவில் உருவானது. முதலில் செய்தவர் யார் என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. ஜேம்ஸ் உட்ரஃப் என்று சிலரும், எல். எஃப். விதரெல் என்று சிலரும் எழுதியுள்ளனர். பல் மருத்துவர்கள் பொய்ப்பல் தாங்கியை வார்க்க வைத்திருந்த சிறிய கொதிகலன்களிலேயே தொடக்ககால ஸ்டாம்புகள் வெந்தன என்பது பொதுவாக ஏற்கப்படுகிறது.

ஜப்பானில் ரயில் நிலையங்கள் பயணிகளுக்காகப் பட ஸ்டாம்புகளை வைக்கும் வழக்கம் 1931-இல் ஃபுகுய் நிலையத்தில் தொடங்கியது. அமெரிக்காவில் அலங்கார ஸ்டாம்புகள் 1970-களில் தனிப் பொழுதுபோக்காக வளர்ந்தன.

அஞ்சல் முத்திரை

சென்னையில் பொது அஞ்சலகம் 1786 ஜூன் 1 அன்று திறக்கப்பட்டது. அஞ்சல்தலை வராத அந்நாளில், கட்டணம் செலுத்தியாயிற்றா, பெறுபவர் செலுத்த வேண்டுமா என்பதை உறைமேல் குத்திய கைமுத்திரைகளே சொல்லின. 1854 அக்டோபர் 1 முதல் இந்தியா முழுவதும் ஒரே அஞ்சல்தலை நடைமுறைக்கு வந்தது. கால் தோலா எடைக்கு அரையணா. ஒரு தலையை இருமுறை பயன்படுத்தாதிருக்க அதை அடித்து ரத்து செய்ய வேண்டியிருந்தது. தொடக்கத்தில் இந்த முத்திரைகளில் ஊர்ப்பெயர் இல்லை. எழுத்தும் எண்ணுமே இருந்தன. இந்தியத் தலைகளைப் பயன்படுத்திய சிங்கப்பூருக்கு ‘பி/172’ என்ற குறியீடு இருந்தது சேகரிப்பாளர்களிடையே புகழ்பெற்ற எடுத்துக்காட்டு. ஜால் கூப்பர் போன்றோர் தொகுத்த பட்டியல்கள் இல்லாமல் இவற்றைப் படிப்பது அரிது.

1911: முதல் வான்வழி அஞ்சல்

இந்திய முத்திரைகளில் அதிகம் பேசப்படுபவற்றுள் ஒன்று அலகாபாத் முத்திரை. 1911 பிப்ரவரி 18 அன்று, ஐக்கிய மாகாணக் கண்காட்சியின்போது, ஹென்றி பெக்கே என்ற இளம் பிரெஞ்சு விமானி ஹம்பர்-சோமர் இருதட்டு விமானத்தில் யமுனையைக் கடந்து நைனிக்குக் கடிதங்களைக் கொண்டுபோனார். விமானங்களைக் கண்காட்சிக்குக் கொண்டுவந்தவர் வால்டர் விண்டாம். கடிதங்கள் சுமார் 6,500 என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. பறந்த தொலைவை ஐந்து மைல் என்பாரும் ஆறு மைல் என்பாரும் உளர். நிமிடக் கணக்கிலும் ஒற்றுமை இல்லை. அரசின் ஒப்புதலோடு விமானத்தில் சென்ற உலகின் முதல் அஞ்சல் என்று இதைப் பெரும்பாலோர் கொள்கின்றனர். ஒரு கடிதத்துக்கு ஆறணா வசூலிக்கப்பட்டது. அந்தத் தொகை அங்கிருந்த மாணவர் விடுதி ஒன்றுக்குப் போனது.

இந்த அஞ்சலுக்கெனத் தனி முத்திரை வெட்டப்பட்டது. பெரிய வட்டம், அதன் நடுவே மலைகளுக்கு மேல் பறக்கும் விமானம், சுற்றிலும் ‘முதல் வான்வழி அஞ்சல்’ என்று பொருள்படும் ஆங்கில வாசகம். பெரும்பாலான உறைகளில் இது கருஞ்சிவப்பு மையில் பதிந்துள்ளது. அலகாபாத்துக்கும் நைனிக்கும் இடையே மலை கிடையாது. செதுக்கியவர் பறத்தலின் உயரத்தைக் காட்ட மலையை வரைந்தார் போலும். படத்துக்காகவே ஒரு முத்திரையைப் போற்றும் வழக்கம் இந்தியாவில் இதிலிருந்து தொடங்குவதாகக் கொள்ளலாம். பொன்விழாவுக்காக 1961-இல் வெளியான அஞ்சல்தலைகளில் இந்த முத்திரையும் படமாக இடம்பெற்றது.

விடுதலை நாளான 1947 ஆகஸ்ட் 15 அன்று ‘ஜெய் ஹிந்த்’ சிறப்பு முத்திரை பயன்பட்டது. அதன்பின் முதல்நாள் உறைகளுக்கான முத்திரைகளும், மாமல்லபுரம், கன்னியாகுமரி போன்ற இடங்களுக்குரிய நிரந்தரப் பட முத்திரைகளும் பெருகின. சென்னையில் தென்னிந்திய அஞ்சல்தலைச் சேகரிப்பாளர் சங்கம் 1956-இல் நிறுவப்பட்டது.

விழுப்புரம் – திண்டிவனம்

இவ்விரு ஊர்களும் 1993 செப்டம்பர் 30 வரை, கடலூரைத் தலைமையிடமாகக் கொண்ட தென்னாற்காடு மாவட்டத்தில் இருந்தன. எனவே பழைய முத்திரைகளைத் தேடுபவர் தென்னாற்காடு என்ற தலைப்பில்தான் தேட வேண்டும். விழுப்புரம்–புதுச்சேரி ரயில் பாதை 1879-இல் திறந்தது. புதுச்சேரியில் பிரெஞ்சு அஞ்சலகத்தோடு பிரிட்டிஷ் இந்திய அஞ்சலகமும் இயங்கியது. நாற்பது கிலோமீட்டருக்குள் இரண்டு அரசுகளின் முத்திரைகள் புழங்கின. 1954 நவம்பர் 1 அன்று புதுச்சேரி இந்திய நிர்வாகத்துக்கு வந்தபோது அந்த இரட்டை நிலை முடிந்தது.

சந்திப்பு ஊர் என்பதால் ரயில்வே அஞ்சல் சேவையின் முத்திரைகளும் இங்கே தேடப்படுகின்றன. ஓடும் ரயிலில் கடிதம் பிரித்தவர்கள் குத்திய இந்த முத்திரைகளில் கோட்ட எழுத்தும் பணிக்குழுவின் (செட்) எண்ணும் இருக்கும். வண்டியின் ஆட்டத்தில் சற்றே இழுபட்டுப் பதிந்தவையும் உண்டு. அவற்றைக் குறையாகக் கருதாமல் அடையாளமாக மதிப்பவர் பலர்.

1972 ஆகஸ்ட் 15 அன்று அஞ்சல் குறியீட்டு எண் வந்தபின் முத்திரைகளில் எண்ணும் சேர்ந்தது: திண்டிவனம் 604001, செஞ்சி 604202, விழுப்புரம் 605602. புதுச்சேரியும் விழுப்புரமும் 605 என்ற ஒரே தொடக்கத்தைப் பகிர்கின்றன. பழைய எல்லையை அஞ்சல் பிரிப்பு முறை பொருட்படுத்தவில்லை.

ரப்பர் ஸ்டாம்பு இப்பகுதியில் முதலில் தொழிலாகவே வந்தது. நீதிமன்றம், பத்திரப் பதிவு அலுவலகம், தாலுகா அலுவலகம் ஆகியவற்றை ஒட்டிய கடைகளில் ஈய எழுத்தைக் கோத்து, அச்சு எடுத்து, ரப்பர் தாளைச் சூட்டில் அழுத்திச் செய்தனர். ஆசிரியர்கள் நோட்டில் குத்தும் நட்சத்திர ஸ்டாம்பும் இந்த வகையே.

சேகரிக்கும் முறை

அஞ்சலட்டையின் வலது மேல்மூலையில் தலையை ஒட்டி, கவுன்டரில் கொடுத்துப் பட முத்திரை கேட்பது வழக்கம். அட்டையின் கீழே மெத்தென்ற தாள் வைத்து, மை அதிகம் தோயாமல், அசைக்காமல் ஒரே அழுத்தில் குத்தினால்தான் கோடுகள் தெளிவாக விழும். ஈரம் காயுமுன் அடுக்கினால் படம் மறுபக்கத்தில் ஒட்டிக்கொள்ளும். முத்திரை முழுதாகத் தலையின் மேல் விழ வேண்டும் என்பது ஒரு சாராரின் கருத்து. பாதி தலையிலும் பாதி உறையிலும் விழுவதே அந்தத் தலை அந்த உறையில்தான் சென்றது என்பதற்குச் சான்று என்பது மறுசாராரின் கருத்து. நேரில் வர இயலாதோர் சென்னை அண்ணா சாலைத் தலைமை அஞ்சலகத்திலுள்ள அஞ்சல்தலைப் பிரிவில் வைப்புக் கணக்கு தொடங்கிப் புதிய வெளியீடுகளைப் பெறலாம்.

அண்மைக்காலம்

இவ்வட்டாரத்தைச் சேர்ந்த ஆரோவிலின் பொன்விழா அஞ்சல்தலையைப் பிரதமர் நரேந்திர மோதி 2018 பிப்ரவரி 25 அன்று வெளியிட்டார். 2025 செப்டம்பர் 1 முதல் பதிவு அஞ்சல் விரைவு அஞ்சலோடு இணைக்கப்பட்டது. ரப்பர் ஸ்டாம்புகளில் பாலிமர் வகையும், தானே மை ஏற்கும் வகையும் பரவியுள்ளன.

கையால் குத்தும் முத்திரை குறைந்துவரும் இக்காலத்தில், இவ்வட்டாரத்தின் அஞ்சல் வரலாறு பெரும்பாலும் வீடுகளில் கிடக்கும் பழைய கடிதங்களில்தான் இருக்கிறது. அவற்றை வைத்திருப்போர் அஞ்சல்தலையை மட்டும் வெட்டி எடுக்காமல், முத்திரையும் முகவரியும் தேதியும் சிதையாதபடி உறையை முழுதாகப் பாதுகாக்க வேண்டும்.