உப்புக் காற்றில் ஸ்டெல்த் விமானம்: ஒரு தணிக்கை அறிக்கையின் மறுவாசிப்பு

இந்தியா உருவாக்கிவரும், ரேடாரில் எளிதில் சிக்காத ஸ்டெல்த் வகை ஆம்கா போர் விமானத்தின் வடிவமைப்புக்கும் ஐந்து முன்மாதிரிகளுக்குமாக 2024 மார்ச்சில் அனுமதிக்கப்பட்டது சுமார் 15,000 கோடி ரூபாய். இத்தகைய விமானத்தைக் கட்டினாலும் பேண நம்மால் முடியாது என்று வாதிடுவோருக்கு அமெரிக்க அரசின் தணிக்கை அலுவலகம் 2010 டிசம்பரில் வெளியிட்ட அறிக்கை வலுவான சான்றாக நிற்கிறது. அமெரிக்காவின் எஃப்-22 ஸ்டெல்த் விமானங்களின் அரிப்புச் சேதத்தைச் சீர்செய்ய 2016 வரை 22.8 கோடி டாலர் செலவாகும் என்கிறது அது. அன்றைய மதிப்பில் ஏறத்தாழ 1,000 கோடி ரூபாய். இதிலிருந்து, ஸ்டெல்த் என்பதே செல்வ நாடுகளின் சுமை என்ற முடிவுக்கு அவர்கள் வருகிறார்கள்.

அறிக்கை அப்படிச் சொல்வதாக எனக்குத் தோன்றவில்லை. அரிப்பு முதலில் தென்பட்டது 2005இல், விமானம் கடுமையான ஈரச் சூழலுக்குச் சென்ற ஆறு மாதங்களுக்குள். அதற்கு முன் பறத்தல் சோதனைகள் பெரும்பாலும் எட்வர்ட்ஸ் பாலைவனத் தளத்தில் நடந்திருந்தன. உடற்தகடுகளுக்கு இடையிலான சந்துகள் ரேடார் அலையைச் சிதறடிக்காமலிருக்க, மின்கடத்தும் நிரப்பியால் அவற்றை மூடுவார்கள். அந்த நிரப்பியிலுள்ள உலோகத்துக்கும் தகட்டின் அலுமினியத்துக்கும் நடுவே உப்புநீர் புகுந்தால் அது ஒரு மின்கலம், கரைவது அலுமினியம். நீர் வடிய வழி குறைவாக இருந்ததும், பூச்சின் தடுப்பாற்றல் போதாததும் சேர்ந்துகொண்டன. பின்னால் வந்த எஃப்-35இல் அலுமினியத்தோடு அவ்வளவு முரண்படாத நிரப்பி தேர்ந்தெடுக்கப்பட்டதையும், சந்துகளின் எண்ணிக்கை குறைக்கப்பட்டதையும் அதே அறிக்கை பதிவு செய்கிறது. ஆக, அந்தப் பெருந்தொகை ஸ்டெல்த்துக்குக் கொடுத்த விலை அல்ல. உரிய காலத்தில், உரிய காற்றில் செய்யாத சோதனைக்குக் கொடுத்த விலை. ஒரேயொரு விமானத்தின் வரலாற்றை வைத்துப் பொதுவிதி வகுப்பதில் தயக்கம் வேண்டும் என்பதை ஏற்கிறேன். ஆனால் ஸ்டெல்த்தே சுமை என்போரின் வாசிப்பும் அதே ஒரு விமானத்தின் மீதுதான் நிற்கிறது.

உரிய காற்றில் சோதனை என்னும் இந்த இடத்தில்தான், தகட்டு மாதிரிகளைத் திறந்தவெளியில் வைத்துப் பார்க்க ஏற்ற தமிழ்நாட்டுக் கடலோர உப்பள ஊரான மரக்காணம் முக்கியமாகிறது. சமையல் உப்பு காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 விழுக்காட்டைத் தாண்டினால் தானே நீர்த்துவிடும். கடற்காற்றிலுள்ள மெக்னீசியம் குளோரைடு அதில் பாதிக்கும் குறைந்த ஈரத்திலேயே நீர்க்கும். உப்பளப் பாத்திகளில் உப்பு வாரிய பின் எஞ்சும் கசப்பு நீரில் மிகுந்திருப்பதும் அதுதான். கோடையில் பகல் வெயிலில் காய்ந்து, மாலைக் கடற்காற்றில் நனைந்து, வடகிழக்குப் பருவமழையில் கழுவப்படும் தகடு ஓராண்டில் காணும் சுழற்சியை எந்தப் பாலைவனமும் தராது. ஆய்வகத்தின் உப்புப்பனிப் பெட்டி போதாதா எனலாம். போதாது. 35 பாகை வெப்பத்தில் 5 விழுக்காட்டு உப்புநீரை இடைவிடாது தெளிக்கும் அந்த முறையில் காய்தலும் இல்லை, வெயிலும் இல்லை.

மரக்காணத்தில் இப்படிச் சோதிப்பதற்கான செலவைப் பாருங்கள்: தேவைப்படுவது வேலியிட்ட நிலம், தாங்கிகள், ஆம்காவின் கலவைப்பொருளும் அலுமினியமும் சந்திக்கும் இணைப்புகளின் மாதிரிகள், அவற்றை அளக்க ஆட்கள். காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வகம் மண்டபம் கடற்கரையில் அரிப்பாய்வு நடத்திப் பெற்ற பட்டறிவு இருக்கிறது. இன்ஜினே சொந்தமாக இல்லாதபோது பூச்சைப் பற்றிப் பேசுவதா என்ற கேள்வி என்னை அதிகம் தடுக்கவில்லை. தொடக்க ஆம்காவுக்கான எஃப்414 இன்ஜினை விலைக்கு வாங்கலாம். நம் பூச்சு நம் கடற்கரையில் எப்படி நடந்துகொள்ளும் என்ற தரவை எவரும் விற்கமாட்டார்கள்.

ஜாம்நகர், நலியா, கார் நிகோபார் எனக் கடலோரத் தளங்கள் பல உள்ள விமானப்படை இது. ஐந்து முன்மாதிரிகளில் ஒன்றையேனும் முழு வடகிழக்குப் பருவம் ஒன்றுக்குக் கொட்டகையின்றிக் கடலோரத்தில் நிறுத்த வேண்டும். தகட்டு மாதிரிகளோ அதற்கு முன்பே, தொடர் உற்பத்திக்கான வரைபடங்கள் உறுதியாவதற்குள், உப்பளக் காற்றில் இரண்டு மழைக்காலங்களையாவது கண்டிருக்க வேண்டும். நிரப்பியையும் வடிகால் துளையையும் காகிதத்திலேயே மாற்ற அப்போதுதான் வாய்ப்பிருக்கும்.