விதையா, நடவா?

1903-லேயே கிரகாம் பெல், ரேடியத்தைக் கண்ணாடிக் குழலில் அடைத்துப் புற்றுக்கட்டிக்குள் வைக்கலாமே என்று எழுதிவிட்டார். 1970களில் நியூயார்க்கில் அடிவயிற்றைத் திறந்து, கைத்தடவலில் அயோடின்-125 விதைகளைப் புராஸ்டேட்டில் செருகினார்கள். சீராக விழவில்லை, பலருக்கு நோய் திரும்பியது. 1983-ல் கோபன்ஹேகனின் ஹோம் குழு எழுதிய முறை வேறு: அல்ட்ராசவுண்டில் பார்த்தபடியே, ஊசியால் வரிசை பிடித்து நடுவது. விதை அதேதான், மாறியது நடவு.

இங்கே பாபா அணு ஆராய்ச்சி மையம் செய்த இவ்வகை விதைகள் சென்னை சங்கர நேத்ராலயாவில் கண் புற்றுக்குப் பயன்பட்டன.

திண்டிவனத்தில் மல்லாட்டை போட்ட என் பெரியப்பாவுக்கு, விழுப்புரத்தில் டாக்டர் விளக்கியதும் சட்டென்று பிடிபட்டது. "முளைக்காதுல்ல?" என்றார். முளைக்காது. அரிசியைவிட மெல்லிய டைட்டானியம் கூடு. 60 நாளில் வீரியம் பாதி. "ரெண்டு மாசம் பேரனை மடியில வைக்காதீங்க" என்றபோதுதான் அவர் முகம் வாடியது.