எல்ம் கிரீக் குவில்ட்ஸ்: போர்வைக் கதைகளும் வரலாற்றுச் சான்றுகளும்

எல்ம் கிரீக் குவில்ட்ஸ் என்பது அமெரிக்க நாவலாசிரியர் ஜெனிஃபர் கியாவெரினி எழுதிவரும் நாவல் வரிசை. இதன் முதல் நூல் 1999-இல் வெளிவந்தது. இன்று இருபதுக்கும் மேற்பட்ட நாவல்கள் இவ்வரிசையில் உள்ளன. ஒட்டுத்துணிப் போர்வை தைக்கும் பெண்களின் வாழ்க்கையே இவற்றின் களம். சில நாவல்கள் அமெரிக்க அடிமை முறையின் காலத்துக்கும் செல்கின்றன. அடிமைகள் தப்பிச் செல்ல போர்வைகள் உண்மையிலேயே வழிகாட்டினவா என்ற கேள்வி, இந்நாவல்களின் வாசகர்களிடையே மட்டுமின்றி வரலாற்றாய்வாளர்களிடையேயும் நீண்ட விவாதமாக இருந்துள்ளது.

குவில்ட் என்னும் போர்வை

மேலே ஒரு துணி, கீழே ஒரு துணி, நடுவே பஞ்சு அல்லது கம்பளி என மூன்று அடுக்குகளை வைத்து, மூன்றையும் ஊடுருவும்படி தையல் போட்டால் அது குவில்ட். மேல் துணி பெரும்பாலும் பல வண்ணத் துண்டுகளை வடிவியல் அமைப்பில் ஒட்டுப்போட்டு உருவாக்கப்படும். ஒரே அமைப்புள்ள சதுரங்கள் பலவற்றை இணைத்து முழுப் போர்வை ஆக்குவது வழக்கம். ஒவ்வோர் அமைப்புக்கும் ஒரு பெயர் உண்டு. பறக்கும் வாத்துகள், கரடிப் பாதம், குடிகாரன் பாதை, மரக்குடில் ஆகியவை புகழ்பெற்றவை. பலர் ஒரே சட்டத்தைச் சுற்றி அமர்ந்து பேசிக்கொண்டே தைப்பதும் இக்கலையின் வழக்கமே. பெண்களின் நட்பு, குடும்ப ரகசியம், தலைமுறை நினைவு ஆகியவற்றைச் சொல்ல நாவலுக்கு இது பொருத்தமான களமாக அமைந்தது.

நாவல் வரிசை

முதல் நாவலான "தி குவில்டர்ஸ் அப்ரெண்டிஸ்" பென்சில்வேனியா மாநிலத்தில் நிகழ்கிறது. சில்வியா காம்ப்சன் என்ற மூதாட்டி தம் பூர்வீக மாளிகையை விற்றுவிட எண்ணி ஊர் திரும்புகிறார். வேலை தேடி வரும் சாரா மெக்ளூர் என்ற இளம்பெண் அவரிடம் போர்வை தைக்கக் கற்கிறார். பின்னர் அம்மாளிகை போர்வைக் கலை கற்கும் பெண்கள் வந்து தங்கும் இடமாகிறது. கியாவெரினி பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் எழுத்துக்கலை கற்பித்தவர். அவரும் போர்வை தைப்பவரே.

வரிசையின் நான்காம் நாவல் "தி ரன்அவே குவில்ட்" (2002). சில்வியாவின் குடும்பத்தில் ஒரு பெருமைக்கதை வழங்கி வருகிறது: முன்னோர்கள் தப்பியோடிய அடிமைகளுக்கு அடைக்கலம் தந்தார்கள் என்பது அக்கதை. பரணிலிருந்து கிடைக்கும் பழைய போர்வைகளும் கெர்டா என்ற முன்னோடியின் நினைவுக்குறிப்பும் அக்கதையைச் சோதிக்கின்றன. நடந்தது குடும்பம் நினைத்ததைவிடச் சிக்கலானது, வேதனை தருவது என்று சில்வியா அறிகிறார். "தி சுகர் கேம்ப் குவில்ட்" (2005) நாவலில் டொரொதியா என்ற பெண், தன் மாமன் வற்புறுத்திக் கேட்ட விசித்திரமான அமைப்புகளில் ஒரு போர்வை தைக்கிறாள். அது அடிமைகள் தப்பும் வழியைக் காட்டும் படம் எனப் பின்னர் தெரியவருகிறது.

வாசகர் கேட்கும் இரு கேள்விகள்

இத்தகைய நாவல்களைப் படிப்போர் எழுப்பும் கேள்விகள் பெரும்பாலும் இரண்டு வகை. கதையில் வரும் போர்வையைத் தாமும் தைக்க முடியுமா என்பது ஒன்று. இதற்கு விடை எளிது. நாவல்களில் வரும் போர்வைகளுக்கான வெட்டளவுகளும் தைக்கும் முறைகளும் தனி நூல்களாகவே வெளிவந்துள்ளன.

கதையில் எவ்வளவு உண்மை என்பது இரண்டாவது. மாளிகை, மனிதர்கள் போன்றவை கற்பனை என்று நாவலாசிரியர் சொல்லிவிடலாம். ஆனால் போர்வையில் ரகசியக் குறியீடு இருந்தது என்பது ஒரு நாவலோடு முடிவதில்லை. அது நடந்தது என்றோ நடக்கவில்லை என்றோ கூற வரலாற்றுச் சான்று வேண்டும்.

குறியீட்டுக் கதை பரவிய விதம்

அமெரிக்காவின் தென் மாநிலங்களிலிருந்து வட மாநிலங்களுக்கும் கனடாவுக்கும் அடிமைகள் தப்பிச் செல்ல உதவிய மனிதர்களின் வலைப்பின்னல் "நிலத்தடி ரயில்பாதை" எனப்பட்டது. அதில் தண்டவாளமும் இல்லை, சுரங்கமும் இல்லை. அடைக்கலம் தந்த வீடுகள் "நிலையங்கள்" என்றும், வழிகாட்டியவர்கள் "நடத்துநர்கள்" என்றும் அழைக்கப்பட்டனர். 1850-இல் இயற்றப்பட்ட தப்பியோடிய அடிமைகள் சட்டம், உதவி செய்தவர்களுக்கும் அபராதமும் சிறையும் விதித்தது.

போர்வையை வழிகாட்டும் படமாகக் காட்டிய கதை ஒன்று 1993-இல் சிறுவர் நூலாக வந்தது. டெபோரா ஹாப்கின்சன் எழுதிய "ஸ்வீட் கிளாரா அண்ட் தி ஃப்ரீடம் குவில்ட்" என்ற அந்நூல் பள்ளிகளில் பரவலாக வாசிக்கப்பட்டது. 1999-இல், எல்ம் கிரீக் வரிசை தொடங்கிய அதே ஆண்டில், "ஹிடன் இன் ப்ளெய்ன் வியூ" என்ற நூல் வெளிவந்தது. இது கதைநூல் அன்று. இதை எழுதியவர்கள் ஜாக்குலின் டோபினும், ஹோவர்ட் பல்கலைக்கழகக் கலை வரலாற்றுப் பேராசிரியர் ரேமண்ட் டோபார்டும். தென் கரோலினாவின் சார்ல்ஸ்டன் சந்தையில் போர்வை விற்ற ஒசெல்லா மெக்டேனியல் வில்லியம்ஸ், தம் குடும்பத்தில் வாய்வழியாக வந்த செய்தி என்று டோபினிடம் சொன்னதே அந்நூலின் அடிப்படை.

அச்செய்தியின்படி, வேலியில் உலர்த்துவதுபோல் தொங்கவிடப்பட்ட போர்வைகள் தப்பிச் செல்வோருக்கான கட்டளைகளாக இருந்தன. திருகுசாவி அமைப்பு தெரிந்தால் கருவிகளைச் சேர்க்க வேண்டும். வண்டிச்சக்கரம் தெரிந்தால் மூட்டை கட்ட வேண்டும். கரடிப் பாதம் மலைவழியைக் குறிக்கும். குடிகாரன் பாதை நேராகச் செல்லாமல் வளைந்து செல்லச் சொல்லும். விண்மீன் அமைப்பு வடக்கு நோக்கி நடக்கச் சொல்லும். நூலாசிரியர்கள் பல இடங்களில் ஊகமாகவே எழுதியவை, தொலைக்காட்சிக்கும் வகுப்பறைகளுக்கும் செல்லும்போது உறுதியான வரலாறாக மாறின.

சான்றுகள் சொல்வது

போர்வை வரலாற்றாய்வாளர் பார்பரா பிராக்மன், நியூ ஜெர்சி வரலாற்றாசிரியர் கைல்ஸ் ரைட் முதலானோர் இக்கதையை மறுத்தனர். அவர்களுடைய வாதங்கள் மூன்று திசைகளில் அமைந்தன.

முதலாவது, போர்வைகளின் காலம். மரக்குடில் அமைப்பில் தேதி தைக்கப்பட்ட போர்வைகள் எதுவும் 1860-களுக்கு முந்தையதாகக் கிடைக்கவில்லை. பல அமைப்புகளின் பெயர்கள் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் பத்திரிகைகளும் வணிகப் பட்டியல்களும் அச்சிட்ட பிறகே பொதுவழக்குக்கு வந்தவை. ஒரே அமைப்பை ஒவ்வோர் ஊரிலும் ஒவ்வொரு பெயரால் அழைத்திருக்கும்போது, பெயரை நம்பிய குறியீடு பல ஊர்களில் இயங்கியிருக்க முடியாது.

இரண்டாவது, நடைமுறை. ஒரு போர்வையைத் தைத்து முடிக்கப் பல வாரங்களோ மாதங்களோ ஆகும். தப்பிச் செல்வது பெரும்பாலும் திடீரென வாய்க்கும் ஒரே தருணத்தைப் பொறுத்தது. மூட்டை கட்டு, கருவி எடு என்பதைக் காதோடு சொல்லிவிட முடிகிற இடத்தில், அதைத் துணியில் எழுதி வெளியே தொங்கவிட வேண்டிய தேவை இல்லை.

மூன்றாவதே மிக வலுவானது. அடிமைகளுக்கு எழுத்தறிவு மறுக்கப்பட்டிருந்தது. ஆகவே எழுத்துச் சான்று இல்லாததை வைத்து வாய்வழிச் செய்தியைத் தள்ளக்கூடாது என்று குறியீட்டை ஏற்பவர்கள் வாதிட்டனர். இது நியாயமான எச்சரிக்கை. ஆனால் அடிமையாக இருந்தவர்களின் வாய்மொழியே பெருமளவில் பதிவாகியுள்ளது. 1936 முதல் 1938 வரை அமெரிக்க அரசின் எழுத்தாளர் திட்டம் 2,300-க்கும் மேற்பட்டோரின் நினைவுகளைத் தொகுத்தது. அவர்கள் போர்வை தைத்ததையும் கூடித் தைத்த இரவுகளையும் பற்றிப் பேசியுள்ளனர். குறியீட்டைப் பற்றிப் பேசவில்லை.

இன்னொரு பெரும் சான்று வில்லியம் ஸ்டில் எழுதியது. பிலடெல்பியாவில் அடிமை ஒழிப்புச் சங்க அலுவலகத்தில் பணியாற்றிய இந்தக் கறுப்பினத்தவர், தப்பி வந்த நூற்றுக்கணக்கானோரை நேரில் கேட்டு, பெயர், வயது, வந்த வழி ஆகியவற்றைக் குறித்துவைத்தார். அதற்கு ஒரு காரணம் இருந்தது. 1850-இல், விடுதலையை விலைகொடுத்துப் பெற்ற ஒருவர் தம் குடும்பத்தைத் தேடி அவர் அலுவலகத்துக்கு வந்தார். பேசப் பேச, வந்தவர் தம் தாய் தப்பியபோது விட்டுப்பிரிய நேர்ந்த சொந்த அண்ணன் பீட்டர் என்பதை ஸ்டில் உணர்ந்தார். பிரிந்த குடும்பங்கள் ஒன்றையொன்று கண்டுபிடிக்கக் குறிப்புகள் உதவும் என்று அதன்பின் கவனமாக எழுதினார். அவை 1872-இல் நூலாயின. அந்நூலிலும் போர்வைக் குறியீடு இல்லை.

டக்ளஸ் நினைவிடத்தில் எழுந்த விவாதம்

நியூயார்க் சென்ட்ரல் பார்க்கின் ஒரு மூலையில் அடிமை ஒழிப்புத் தலைவர் ஃபிரெடரிக் டக்ளஸுக்கு நினைவிடம் அமைக்கத் திட்டமிட்டபோது, தரையில் போர்வைக் குறியீட்டின் வடிவங்களைக் கருங்கல்லில் பதிக்க முடிவாயிற்று. 2007-இல் வரலாற்றாசிரியர்கள் இதை எதிர்த்தனர். குறியீட்டை விளக்கும் வாசகங்கள் கைவிடப்பட்டன, வடிவங்கள் நின்றன. நினைவிடம் 2011-இல் திறக்கப்பட்டது.

இதில் ஒரு முரண் உண்டு. டக்ளஸ் 1838-இல் தப்பியது மாலுமி உடை அணிந்து, வேறொருவரின் மாலுமிச் சான்றிதழைக் காட்டி, பட்டப்பகலில் ரயிலேறி. அந்த வழி பிறருக்கும் பயன்பட வேண்டும் என்பதால் 1845-இல் எழுதிய முதல் தன்வரலாற்றில் அதை அவர் மறைத்தார். 1881-இல் வெளிவந்த மூன்றாம் தன்வரலாற்றில் விரிவாகச் சொன்னார்.

ஊசியால் கிடைத்த விடுதலை

குறியீட்டுக் கதை பொய்த்தால் தையலுக்கும் விடுதலைக்கும் தொடர்பே இல்லை என்று ஆகிவிடாது. சான்றுள்ள தொடர்புகள் பல உண்டு.

ஜார்ஜியாவில் அடிமையாக இருந்த எலன் கிராஃப்ட் தையல் வல்லவர். வெளிர்நிறம் கொண்ட அவர், 1848 டிசம்பரில் நோயுற்ற வெள்ளைக்காரப் பண்ணையார்போல் வேடமிட்டார். கணவர் வில்லியம் வேலையாளாக உடன் சென்றார். வேடத்துக்கு வேண்டியவற்றை வில்லியம் ஒவ்வொன்றாக வாங்கினார்; கால்சட்டையை மட்டும் எலன் தாமே தைத்தார். இருவரும் கிறிஸ்துமஸ் நாளில் பிலடெல்பியா சேர்ந்தனர்.

எலிசபெத் கெக்லி வர்ஜீனியாவில் அடிமையாகப் பிறந்தவர். செயின்ட் லூயிஸ் நகரில் தம் தையல் வருமானத்தால் எசமானர் குடும்பத்தின் 17 பேருக்குச் சோறு போட்டதாக எழுதியுள்ளார். தம்மையும் மகனையும் 1855-இல் 1,200 டாலருக்கு விடுவித்துக்கொண்டார். வாடிக்கையாளர்கள் கடனாகக் கொடுத்த அத்தொகையைத் தைத்தே அடைத்தார். பின்னர் வாஷிங்டனில் அதிபர் லிங்கனின் மனைவிக்கு உடை தைத்தார். அவ்வுடைகளின் துண்டுகளால் அவர் தைத்ததாகக் கருதப்படும் போர்வை ஒஹாயோவின் கென்ட் மாநிலப் பல்கலைக்கழக அருங்காட்சியகத்தில் உள்ளது. கெக்லியின் வாழ்வை வைத்து கியாவெரினி எழுதிய "மிசஸ் லிங்கன்ஸ் டிரெஸ்மேக்கர்" 2013-இல் வெளிவந்தது.

ஜார்ஜியாவைச் சேர்ந்த ஹேரியட் பவர்ஸ் 1837-இல் அடிமையாகப் பிறந்து விடுதலைக்குப் பின்னும் வாழ்ந்தவர். விவிலியக் காட்சிகளைத் துணி உருவங்களாகத் தைத்த அவரது போர்வை 1886-இல் ஏதென்ஸ் நகரப் பருத்திக் கண்காட்சியில் வைக்கப்பட்டது. ஜென்னி ஸ்மித் என்ற ஓவிய ஆசிரியை அதை விலைக்குக் கேட்டார், பவர்ஸ் மறுத்தார். சில ஆண்டுகள் கழித்து வறுமை வந்தபோது 10 டாலர் கேட்டு 5 டாலருக்குக் கொடுத்தார். ஒவ்வொரு கட்டத்திலும் உள்ள காட்சியின் பொருளை அவர் சொல்லச் சொல்ல ஸ்மித் எழுதிக்கொண்டார். விற்ற பிறகும் தம் போர்வையைப் பார்க்கப் பவர்ஸ் பலமுறை வந்தார். அது இன்று ஸ்மித்சோனியன் நிறுவனத்தில் உள்ளது. அவருடைய மற்றொரு போர்வை பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதில் 1833 நவம்பரில் வானிலிருந்து விண்கற்கள் பொழிந்த இரவும் தைக்கப்பட்டுள்ளது. அந்த இரவு அவர் பிறப்பதற்கு முந்தையது. கேட்டறிந்த நினைவே துணியில் ஏறியது.

மதிப்பீடு

போர்வை பேசும் என்ற நம்பிக்கை தவறன்று. பவர்ஸின் போர்வை பேசுகிறது. அது என்ன சொல்கிறது என்பதும் தைத்தவரின் வாய்மொழியாகவே கிடைத்துள்ளது. குறியீட்டுக் கதையில் வரும் அடிமைப் பெண்கள் பெயரற்றவர்கள். வழிகாட்டும் அமைப்புகளுக்கே பெயர் உண்டு. சான்றுள்ள வரலாற்றிலோ எலன், எலிசபெத், ஹேரியட் என்று பெயர்கள் இருக்கின்றன. அவர்கள் ஈட்டிய தொகையும் எடுத்த துணிவும் அடைந்த இழப்பும் பதிவாகியுள்ளன. வகுப்பறையில் குறியீட்டுக் கதைக்குச் செலவாகும் நேரம் இவர்களிடமிருந்தே எடுக்கப்படுகிறது.

நாவலுக்குக் கற்பனை உரிமை உண்டு. "தி ரன்அவே குவில்ட்" நாவலின் சில்வியா, குடும்பப் பெருமைக்கதையைப் பழைய குறிப்போடும் போர்வையோடும் ஒப்பிட்டுப் பார்த்து, கசப்பான விடையையும் ஏற்றுக்கொள்கிறார். எவ்வளவு உண்மை என்று கேட்கும் வாசகருக்கு வேண்டியதும் அதே முறைதான்: போர்வை எப்போது தைக்கப்பட்டது, செய்தியை முதலில் சொன்னவர் யார், அக்காலத்தில் வாழ்ந்தவர்கள் சொன்னது என்ன என்று ஒவ்வொன்றாகக் கேட்டுப் பார்ப்பது.