திண்ணைக்கு வந்த மருந்து

விருதுநகர் மாவட்டத்துக்குக் கடற்கரை கிடையாது. சாத்தூர்ப் பக்கத்து அச்சங்குளத்தில் அலைச்சறுக்குப் பலகையைப் பற்றிப் பேச்செடுத்தால் சிரிப்புத்தான் வரும். ஆனால் கோவளத்திலும் மாமல்லபுரத்திலும் வீட்டு வாசலில் வைத்தே முடித்துவிடக்கூடிய ஒரு சின்ன வேலையின் வரலாற்றை எழுதப் போனால், அச்சங்குளத்தைத் தொடாமல் முடிக்க முடியாது என்பது என் கட்சி. பலகையில் விழுந்த கீறலையும் ஓட்டையையும் அடைத்து, பட்டி பார்த்து, உப்புத்தாள் போட்டு வழவழவென்று தேய்த்தெடுப்பதுதான் அந்த வேலை. கடலுக்குப் போகிறவன் தன் கலத்தைத் தானே பழுது பார்ப்பது நம் கரையில் புதிதல்ல. அந்தப் பழக்கத்துக்குள் என்ன சரக்கு வந்து சேர்ந்தது என்பதுதான் புதிது.

கட்டுமரத்தில் இருந்து தொடங்கலாம். 1697-இல் வெளியான தன் பயண நூலில் வில்லியம் டாம்பியர் சோழமண்டலக் கரையின் இந்த மிதவையைப் பற்றி எழுதினார். சொல் அப்படியே ஆங்கிலத்துக்குப் போய்விட்டது. கட்டுமரத்துக்கு உள்ளறை இல்லை, ஆகவே ஓட்டை விழவும் வழியில்லை. அதற்கு வரும் ஒரே நோய் ஊறிப்போவது. கரை சேர்ந்ததும் கட்டை அவிழ்த்து மரங்களைத் தனித்தனியே மணலில் காயப் போட்டால் அதற்கும் மருந்தாயிற்று. துறைமுகம் இல்லாத காலத்துச் சென்னையில் கப்பலுக்கும் கரைக்கும் இடையே ஆட்களை ஏற்றி இறக்கிய மசூலாப் படகு இன்னொரு வகை. பலகைகளை ஆணியடிக்காமல் தென்னங்கயிற்றால் தைத்திருப்பார்கள். அலை ஓங்கி அறையும்போது ஆணியடித்த படகு பிளக்கும், தைத்த படகு நெளிந்து கொடுக்கும். தையல் நைந்தால் பிரித்து மறுபடி தைக்க வேண்டியதுதான். கயிறு, மீன் எண்ணெய், குங்கிலியம், வெயில் இவ்வளவுதான் அந்தக் காலத்துப் பழுதுப் பெட்டி. குங்கிலியத்தைக் காய்ச்சும் நேரம் தவிர, குழந்தை தொட்டாலும் பயமில்லாத சாமான்கள்.

இன்றைய பலகையின் வம்சம் வேறு. இரண்டாம் உலகப் போரை ஒட்டிக் கலிபோர்னியாவில் மரப்பலகைக்குக் கண்ணாடி இழைத் தோல் போர்த்தத் தொடங்கினார்கள். 1958 வாக்கில் ஹோபி ஆல்டரும் கார்டன் கிளார்க்கும் உள்ளே மரத்துக்குப் பதிலாகப் பாலியூரித்தேன் நுரையை வைத்தார்கள். பலகை எடை குறைந்தது, கூடவே நோஞ்சானும் ஆயிற்று. மேல்தோலில் காசளவு விரிசல் விழுந்தால் போதும், உள்ளே இருக்கும் நுரை கடல்நீரைக் குடிக்கத் தொடங்கிவிடும். அதனால்தான் இந்தச் சின்னக் காயத்தைத் தள்ளிப்போட முடியாது. நல்ல தண்ணீரில் கழுவி, ஈரம் முழுக்கப் போகும்வரை நாட்கணக்கில் உலர்த்தி, உரிந்து நிற்கும் தோலை வெட்டியெடுத்து, குழியை நிரப்பி, இழைத்துணி ஒட்டி, இறுகியபின் 80-ஆம் எண் உப்புத்தாளில் தொடங்கி 400, 600 என்று தண்ணீர் விட்டுத் தேய்க்க வேண்டும். இந்தக் கைவேலை நம் கரைக்குப் பலகையோடு வந்ததல்ல. அதற்கு முன்பே படகோடு வந்துவிட்டது. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு நிவாரணமாக வந்த, ஃபைபர் எனப்படும் கண்ணாடி இழைப் படகுகள் கட்டுமரங்களின் இடத்தைப் பெரிய அளவில் பிடித்துக்கொண்டன. அவசரத்தில் கட்டிய பலவற்றின் தரம் குறித்து அப்போதே முணுமுணுப்பு எழுந்தது. தரம் குறைந்த படகு அடிக்கடி உடையும், அடிக்கடி உடைந்தால் கை பழகும். கோவளத்து மீனவர் மூர்த்தி மேகவன் 2012-இல் அலைச்சறுக்குப் பள்ளியை நிலைநிறுத்தியபோதும், 2023-இல் மாமல்லபுரத்தில் சர்வதேசப் போட்டி நடந்தபோதும், ரெசின் என்ற பிசினும் மேட் என்ற கண்ணாடி இழை விரிப்பும் அந்தக் கரைக்கு அந்நியமாக இருக்கவில்லை.

இங்கேதான் பழைய பழுதுப் பெட்டிக்கும் புதியதற்கும் இடையே கோடு விழுகிறது. நம் ஊர்க் கடையில் பாலியெஸ்டர் ரெசின் பெரும்பாலும் மூன்று சரக்காக வரும்: ரெசின், கோபால்ட் கலந்த ஆக்சிலரேட்டர், ஹார்டனர். ஆக்சிலரேட்டரை முதலில் ரெசினில் கலக்கிவிட்டு, நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்கு ஹார்டனரைப் பிறகு சேர்க்க வேண்டும். ரெசின் நடுவில் இல்லாமல் அந்த இரண்டும் நேருக்கு நேர் கலந்தால் தீப்பிடிக்கும், வெடிக்கவும் செய்யும். ஹார்டனர் என்பது பெராக்சைடு, ஆக்சிஜனைத் தன் மடியிலேயே கட்டிக்கொண்டு வரும் சரக்கு. வெடியுப்புக்கு இது தூரத்துப் பங்காளி. இதைச் சிவகாசிப் பக்கத்துக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. 1923-இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்று வந்த காலம் தொட்டு, அந்த வட்டாரம் ஒரு பிரிவினையைப் பழகியிருக்கிறது. பெட்டி ஒட்டுவதும் காகிதக் குழாய் சுற்றுவதும் வீட்டு வேலை. வெடிமருந்து வேலை உரிமம் பெற்ற கொட்டகைக்குள்தான். அந்த வேலி எங்கெல்லாம் தளர்ந்ததோ அங்கெல்லாம் உயிர் போயிருக்கிறது. 2021 பிப்ரவரி 12 அன்று அச்சங்குளம் பட்டாசு ஆலையில் குறைந்தது இருபது உயிர்கள் போயின. மருந்து கலக்கும்போது ஏற்பட்ட உராய்வே காரணம் என்று முதல் நாள் செய்திகள் சொல்லின.

ஒரு குப்பி ஹார்டனரையும் ஓர் ஆலையையும் ஒரே தராசில் வைப்பது மிகை என்பார்கள். அளவில் மிகைதான், ஒப்புக்கொள்கிறேன். நான் ஒப்பிடுவது அளவை அல்ல, அறிவு கைமாறும் விதத்தை. தையற்படகில் தவறாகத் தைத்தால் தண்ணீர் கசியும். தவறு தன்னைத் தானே காட்டிக்கொடுத்துவிடும், அடுத்த தடவை திருத்திக்கொள்ளலாம். பார்த்துப் பழகும் கல்வி அங்கே போதும். மருந்து விஷயத்தில் முதல் தவறே கடைசித் தவறாக இருக்கலாம். கடையில் ஹார்டனரைச் சிறு பாட்டிலுக்கு மாற்றி ஊற்றும்போதே எச்சரிக்கைச் சீட்டு உதிர்ந்துவிடுகிறது. அப்படியானால் எல்லாவற்றையும் பட்டறைக்கே கொடுத்துவிடலாமே என்று கேட்டால், அதுவும் விடையில்லை. பட்டறைக்காரர் எடுக்கும்வரை நுரை நனைந்துகொண்டே இருக்கும். பட்டறையில் கலக்குகிறவரும் பெரும்பாலும் பார்த்துப் பழகியவரே. கட்டுமரத்துக்கும் பலகைக்கும் ரத்த உறவே இல்லை, பலகை ஹவாய்ப் பிள்ளை என்ற ஆட்சேபமும் உண்டு. உண்மை. நான் வம்சாவளி எழுதவில்லை, வாசலில் நடக்கும் வேலையை எழுதுகிறேன்.

ஆகவே சிவகாசியின் பழைய பிரிவினையைக் கடற்கரை கடன் வாங்கிக்கொள்ளலாம். கழுவுவதும் உலர்த்துவதும் வெட்டுவதும் தேய்ப்பதும் வீட்டு வேலையாகவே இருக்கட்டும். தேய்க்கும்போது மூக்கை மூடிக்கொண்டு தண்ணீர் விட்டுத் தேய்த்தால் கண்ணாடித் தூள் பறக்காது. அந்த மூன்று சரக்கும் வாசலுக்கு வர வேண்டாம். வெயில்பட்டு இறுகும் ரெசின் குழாயில் கிடைக்கிறது, அதற்கு ஹார்டனரே தேவையில்லை. தெர்மாகோல் வகை நுரை கொண்ட பலகையைப் பாலியெஸ்டர் அரித்துவிடும், அதற்கு எபாக்சி வகை. ஆழமான குழியில் வெயில் அடிவரை இறங்காது. மெல்லிய பூச்சாகப் பூசி, ஒவ்வொன்றையும் காயவிட்டுத்தான் ஏற்ற வேண்டும். கட்டுமரம் காய்ந்த அதே மணலில், அதே வெயிலில்.