பாரூதும் பித்தளைக் கூடும்

வகுப்பில் ஒரு நாள் மாணவர் ஒருவர் 'பாரூத்' என்ற சொல்லின் வேர் எது என்று வினவினார். அரபு அகராதிகளைப் புரட்டுவோர் அனைவரும் ஒருமுறையேனும் தடுமாறும் இடம் அது. குளிர்ச்சியைக் குறிக்கும் 'பர்த்' என்னும் சொல்லோடு அதனை இணைத்துப் பார்க்கத் தோன்றும். ஆனால் அறிஞர்களிடையே இதில் ஒருமித்த கருத்து இல்லை. வேர் எதுவாயினும், இன்று வெடிமருந்தைக் குறிக்கும் அச்சொல் தொடக்கத்தில் வெடிமருந்தைக் குறிக்கவில்லை என்பது மட்டும் உறுதி. அது ஓர் உப்பின் பெயர்.

மாலகாவில் பிறந்து, ஹிஜ்ரி 646இல் (கி.பி. 1248) திமிஷ்கில் மறைந்த மூலிகை அறிஞர் இப்னுல் பைத்தார், தமது மருந்துப்பொருள் அகராதியில் பாரூதைப் பற்றிக் குறிப்பிடுகிறார். மேற்கு நாட்டவர் அவ்வாறு அழைத்த பொருளை எகிப்தின் பழைய மருத்துவர்கள் 'சீனத்துப் பனி' (ஸல்ஜுஸ் ஸீன்) என்று அழைத்தனர். நாம் வெடியுப்பு என்று சொல்வது இதுவே. அந்த நூற்றாண்டின் பிற்பகுதியில் சிரியாவில் வாழ்ந்த ஹஸன் அர்ரம்மாஹ், குதிரையேற்றமும் போர்க்கலையும் பற்றிய தமது நூலில், மண்ணிலிருந்து எடுத்த இவ்வுப்பை மரச்சாம்பலின் துணையால் தூய்மை செய்யும் முறையை விளக்கினார். தூய்மையற்ற உப்பு ஈரத்தை ஈர்த்துக் கலவையைக் கெடுத்துவிடும். ஆகவே அவர் எழுதியது வெறும் செய்முறைக் குறிப்பன்று. அந்நூற்றாண்டின் படைபலம் தங்கியிருந்த அறிவு அது. காலப்போக்கில் உப்பின் பெயரே கலவையின் பெயராயிற்று. மம்லூக் காலத்தில் அக்கலவைக்கு 'தவா', அதாவது மருந்து, என்ற பெயரும் வழங்கியது. நம் தமிழும் அதனை மருந்து என்றே சொல்வதை மாணவரிடம் எடுத்துக் கூறியபோது வகுப்பு சற்று நேரம் கலகலத்தது.

போர்களின் வரலாற்றைத் தளபதிகளின் வீரத்தைக் கொண்டே எழுதுவது நம்மிடம் ஊறிப்போன வழக்கம். துப்பாக்கி கையில் இருந்தும் அதற்கு ஊட்டும் மருந்து தீர்ந்துபோன வேளைகளைப் பற்றி நம் நூல்கள் பெரும்பாலும் பேசுவதில்லை. கடந்த இரு நூற்றாண்டுகளில் வல்லரசுகளை எதிர்த்து நின்ற முஸ்லிம் சமூகங்களின் வரலாற்றில், அந்தப் பற்றாக்குறையே பல இடங்களில் முடிவைத் தீர்மானித்திருக்கிறது. அப்பற்றாக்குறையும் எக்காலத்தும் ஒரே தன்மையதாக இருக்கவில்லை. எது இல்லாமற்போனது என்பதை நோக்கினால், சென்ற நூற்றாண்டின் தோல்விகள் சிலவற்றின் காரணம் விளங்கும்.

பழைய வெடிமருந்துக்கு வேண்டியவை வெடியுப்பு, கந்தகம், கரி ஆகிய மூன்று. கரி எங்கும் கிடைக்கும். கந்தகம் எரிமலை நிலங்களிலும் சில சுரங்கங்களிலும் மட்டுமே கிடைக்கும். வெடியுப்போ மாட்டுத் தொழுவத்திலும் இடிந்த சுவரடியிலும் பழைய குடியிருப்பு மேடுகளிலும் தானே விளையும்; அதைப் பிரித்தெடுக்கத் தெரிந்தவர் இருந்தால் போதும். இதில் பெரிய அரசுகளும் திண்டாடியதுண்டு. 1757இல் பிளாசிப் போருக்குப் பின் பீகாரின் வெடியுப்பு ஆங்கிலேயர் கைக்குச் சென்றது. 1793-94இல் ஐரோப்பாவே திரண்டு எதிர்த்தபோது, பிரெஞ்சுப் புரட்சி அரசு தன் குடிமக்களின் நிலவறைச் சுவர்களைச் சுரண்டி உப்பெடுக்க ஆணையிட்டது. அதே பிரான்ஸ் அடுத்த நாற்பத்தைந்து ஆண்டுகளுக்குள் ஒரு முஸ்லிம் அமீரின் வெடிமருந்துக் கொள்முதலுக்கு உடன்படிக்கையில் விதி எழுதியது.

அந்த அமீர் அப்துல் காதிர் அல்ஜஸாயிரீ. 1830இல் பிரெஞ்சுப் படை அல்ஜீர்ஸைக் கைப்பற்றியது. 1832இல் முஅஸ்கர் பகுதி மக்கள் அவருக்குப் பைஅத் செய்தபோது அவர் இருபத்து நான்கு வயது இளைஞர். 1837 மே 30இல் தளபதி புஜோவுடன் அவர் செய்துகொண்ட தஃப்னா உடன்படிக்கையின் ஏழாம் விதி சிறியது. தமக்குத் தேவைப்படும் வெடிமருந்தையும் கந்தகத்தையும் ஆயுதங்களையும் அமீர் பிரான்ஸில் வாங்குவார் என்பதே அதன் சாரம். இப்பட்டியலில் இல்லாத பொருள் ஒன்றை வாசகர் கவனிக்க வேண்டும். வெடியுப்பு அதில் இல்லை. அது அவருடைய மண்ணிலேயே கிடைத்தது. கந்தகம்தான் வெளியிலிருந்து வரவேண்டியிருந்தது என்றே நான் இதனைப் புரிந்துகொள்கிறேன். சமாதானம் பேசிய இரு தரப்பாரும் அடுத்த போரை மனத்தில் வைத்தே அவ்வரியை எழுதினர் என்பதில் ஐயமில்லை. பிரான்ஸைப் பொறுத்தவரை அது வணிகம் மட்டுமன்று. எதிரியின் கைக்குப் போகும் மருந்தின் அளவை அறிந்துகொள்ளவும், வேண்டியபோது அதனை நிறுத்தவும் அது ஒரு வழி.

அமீர் இதனை உணராதவர் அல்லர். கடற்கரை நகரங்கள் கைவிட்டுப் போயின. எனவே உள்நாட்டில், மலைத்தொடரின் தென்விளிம்பில், ஸப்து, ஸஈதா, தாக்தெம்த், தாஸா, பூகார் என ஒரு கோட்டை வரிசையை எழுப்பினார். அவற்றுள் தாக்தெம்த் தனிச்சிறப்புடையது. ருஸ்தமிய்யா அரசின் பழம்பெரும் தலைநகரான தாஹர்த்தின் இடிபாடுகளுக்கு அருகே எழுந்த ஊர் அது. அங்கே ஐரோப்பியக் கைவினைஞர்களை அமர்த்தித் துப்பாக்கித் தொழிற்கூடம் நடத்தினார். திலிம்ஸானில் பீரங்கி வார்ப்பு நடந்தது. மில்யானாவில் இரும்பு உருக்க முயன்றனர். விலைக்கு வாங்கும் பொருளை அறிவாக மாற்றிக்கொள்வதே அவருடைய நோக்கம்.

1839 நவம்பரில் மீண்டும் போர் மூண்டது. உடன்படிக்கையில் கையொப்பமிட்ட அதே புஜோ 1841 மே மாதத்தில் படையுடன் தாக்தெம்த்தை அடைந்து அதனை இடித்தார். கோட்டைகள் ஒவ்வொன்றாக வீழ்ந்தன. 1843 மே 16இல் அமீரின் நடமாடும் கூடார நகரான ஸ்மாலாவும் பிடிபட்டது. அவர் பாடுபட்டுத் திரட்டிய கையெழுத்துப் பிரதிகளும் அன்று சிதறிப்போயின. (ஏடுகளோடு வாழ்நாளைக் கழிக்கும் என் போன்றோருக்கு வெடிமருந்தைக் காட்டிலும் இந்த இழப்பே நெஞ்சை உறுத்துகிறது.) தொழிற்கூடங்கள் அழிந்தும் அவர் 1847 டிசம்பர் வரை போரிட்டார் என்பது சாதாரணச் செய்தியன்று. உரலும் உலக்கையும் இருந்தால் ஒரு கூடாரத்திலும் மருந்து இடிக்கலாம். ஈயத்தை அடுப்பிலேயே உருக்கிக் குண்டு வார்க்கலாம். அவருடைய போர் நீடித்ததற்கு இதுவும் ஒரு காரணம் என்பது என் கருத்து. இறுதியில் அவரைத் தளர்த்தியவற்றுள் மொராக்கோ எல்லை அடைபட்டதும் ஒன்று. இஸ்லி தோல்விக்குப் பின் 1844 செப்டம்பரில் சுல்தான் ஒப்புக்கொண்ட தான்ஜா உடன்படிக்கை அமீரைச் சட்டத்துக்குப் புறம்பானவர் என அறிவித்தது. பிரான்ஸின் எதிரிகளுக்கு ஆயுத உதவி செல்வதையும் தடுத்தது.

அக்காலத்திலேயே காக்கசஸ் மலைகளில் இமாம் ஷாமில் 1834 முதல் 1859 வரை ரஷ்யப் பேரரசை எதிர்த்து நின்றார். அவரும் மலைநாட்டுக்குள்ளேயே மருந்து ஆலைகளை வைத்திருந்தார். இருவர் கதையும் ஒரே காலகட்டத்தைச் சேர்ந்தது. மண்ணும் கைவினைஞனும் இருக்கும்வரை துப்பாக்கி பசித்திருக்க வேண்டியதில்லை என்ற காலம் அது.

அந்தக் காலம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் முடிவுற்றது. குழாயின் வாய்வழியே மருந்தும் குண்டும் இடித்துத் திணிக்கும் துப்பாக்கி போய், பின்புறத்தில் தோட்டா செருகும் துப்பாக்கி வந்தது. தோட்டா என்பது நான்கு பொருள்களின் சேர்க்கை: பித்தளைக் கூடு, அதன் அடியில் பதித்த கேப்பு, உள்ளே மருந்து, முனையில் குண்டு. சிறுவர் வெடிக்கும் பொட்டுக் கேப்பை அறிந்தோருக்குத் தோட்டாக் கேப்பின் வேலை எளிதில் விளங்கும். ஆனால் அதில் இட்டது பாதரசத்திலிருந்து ஆக்கப்படும் மிகக் கொடிய பொருள். பித்தளைக் கூட்டை அளவு பிசகாமல் இழுத்து வார்க்கப் பெரும் இயந்திரங்கள் வேண்டும். 1880களின் நடுவில் பிரான்ஸில் புகையில்லா மருந்து வந்தபோது வெடியுப்பும் கரியும் கந்தகமும் கொண்ட பழைய கலவையே பயனற்றதாயிற்று. இமாம் ஷாமிலின் ஆலைக்குத் தேவைப்பட்டது உப்பும் உரலும். இனித் தேவைப்பட்டதோ வேதியியல் தொழிற்சாலை.

இந்த மாற்றத்தின் நடுவே சிக்கிக்கொண்டவர்களை இந்தியத் துணைக்கண்டத்தின் வடமேற்கு எல்லையில் காணலாம். பெஷாவருக்கும் கோஹாட்டுக்கும் இடையிலுள்ள கணவாயில் ஆதம் கேல் அஃப்ரீதிகள் வாழும் தர்ரா என்னும் ஊரில், அரத்தையும் சம்மட்டியையும் கொண்டு ஐரோப்பியத் துப்பாக்கிகளை அச்சு அசலாகச் செய்யும் கைத்தொழில் 1897-98 திராஹ் போரையொட்டிய காலத்தில் வேரூன்றியது. துப்பாக்கியைக் கையால் செய்துவிடலாம். தோட்டாவை அவ்வாறு செய்ய இயலாது. எனவே சுட்டு முடித்த வெற்றுக்கூடு அங்கே எறியும் பொருளன்று, மூலதனம். அதனைத் திரும்ப நிரப்பிப் பயன்படுத்தினர். புகையில்லா மருந்து கிடைக்காத இடத்தில் உள்ளூர்க் கருமருந்தை இட்டனர். அதனால் வேகமும் குறிதுல்லியமும் குறைந்தன, குழாயில் கசடு படிந்தது. ஒரே கூட்டைப் பலமுறை சுட்டால் பித்தளை வெடித்துவிடும் ஆபத்தும் உண்டு.

எஞ்சிய தேவையைக் கடல் நிறைவு செய்தது. மஸ்கத் துறைமுகத்தில் இறங்கிய ஐரோப்பியத் துப்பாக்கிகளும் தோட்டாக்களும் மக்ரான் கரை வழியே ஒட்டகங்களில் ஆப்கானிஸ்தானையும் எல்லைப் பழங்குடிகளையும் அடைந்தன. பிரிட்டிஷார் 1909-10 முதல் ஓமான் வளைகுடாவில் போர்க்கப்பல்களைக் கொண்டு முற்றுகையிட்டனர். 1912இல் மஸ்கத்தின் சுல்தான் ஃபைஸல், வந்திறங்கும் ஆயுதங்கள் அனைத்தும் ஒரே கிடங்கின் வழியே செல்லவேண்டும் என்ற ஏற்பாட்டுக்கு இணங்கினார். ஒரு கிடங்கின் சாவி ஆயிரம் கல் தொலைவிலுள்ள மலைக்கணவாயின் போர்த்திறனைக் கட்டுப்படுத்தியது. தஃப்னா விதியின் பின்னிருந்த எண்ணமும் இதுவே. இம்முறை மாற்றுவழி இல்லை.

மாற்றுவழியின்மை முழுமையாக வெளிப்பட்ட இடம் லிபியாவின் பர்கா. முஸ்தஃபா அக்காதின் 'பாலைவனச் சிங்கம்' திரைப்படத்தைக் கண்டவர்கள் ஷைகு உமர் முக்தாரின் மூக்குக்கண்ணாடியை நினைவில் வைத்திருப்பார்கள். தோட்டாக்கள் எங்கிருந்து வந்தன என்பதை அவர்களுள் எத்தனை பேர் எண்ணிப்பார்த்திருப்பார்கள்? 1911இல் இத்தாலி படையெடுத்தபோது உஸ்மானிய அதிகாரிகள் எகிப்து வழியே வந்து துணைநின்றனர். முதல் உலகப் போரில் ஜெர்மானிய நீர்மூழ்கிகள் லிபியக் கரையில் ஆயுதம் இறக்கின. 1918க்குப் பின் அந்த வாசல்கள் மூடின. 1923இல் மீண்டும் தொடங்கிய போரில் முஜாஹிதுகளுக்கு எஞ்சியவை இரண்டே ஊற்றுகள். ஒன்று எகிப்தின் எல்லை. மற்றது எதிரியே. வீழ்ந்த சிப்பாயின் ரைஃபிளோடு அவனுடைய இடைவாரிலிருந்த தோட்டாக்களும் கைக்கு வந்தன. அடிபணிந்ததாகச் சொல்லப்பட்ட குலங்கள் தானியத்தையும் தோட்டாக்களையும் இரவோடு இரவாக அனுப்பின. இத்தாலியப் படையில் சேர்ந்த லிபியர்களிடமிருந்தும் தோட்டாக்கள் கசிந்தன. துப்பாக்கிகள் பலவகையாக இருந்ததால் ஒன்றின் தோட்டா மற்றொன்றுக்குப் பொருந்தவில்லை. கூட்டம் பெருகினாலும் சுடும் வலு அதே அளவில் பெருகவில்லை.

1930இல் பொறுப்பேற்ற தளபதி கிராஸியானி இதனைச் சரியாகக் கணித்தார். அவர் முதலில் மலையைத் தாக்கவில்லை, ஊற்றுகளைத் தாக்கினார். மலைநாட்டு மக்களை ஏறத்தாழ ஒரு லட்சம் பேர்வரை கால்நடைகளோடு ஓட்டிச்சென்று ஸுலூக், அல்மக்ரூன், அல்உகைலா முதலிய முள்வேலி முகாம்களில் அடைத்தனர். அவர்களுள் பல்லாயிரவர் அங்கேயே மடிந்தனர். 1931 ஜனவரியில் குஃப்ரா பாலைவனச்சோலை வீழ்ந்தது. அதே ஆண்டில் பர்தியா அருகே கடற்கரையில் தொடங்கி ஜக்பூப் வரை ஏறத்தாழ 270 கிலோமீட்டருக்கு முட்கம்பி வேலி எழுப்பினர். காவல் கோட்டைகளும் விமானங்களும் அதனைக் கண்காணித்தன. நூறாண்டுகளுக்கு முன்னாயின் அத்தகைய வேலி கந்தகத்தை வேண்டுமானால் தடுத்திருக்கும். மருந்தை அடியோடு நிறுத்தியிருக்காது. 1931இல் அது அனைத்தையும் நிறுத்தியது. செப்டம்பர் 11இல் ஷைகு பிடிபட்டார். 16ஆம் நாள் ஸுலூக் முகாமில், கூட்டிவரப்பட்ட தம் மக்களின் முன்னிலையில் தூக்கிலிடப்பட்டார்.

எஞ்சிய தலைவர்களுள் ஒருவரான யூஸுஃப் பூ ரஹீல், அந்த ஆண்டு டிசம்பரில் எகிப்து எல்லையை நோக்கிச் செல்லும் வழியில் கொல்லப்பட்டார். 1932 ஜனவரி 24இல் ஆளுநர் பதோக்லியோ போர் முடிந்ததென அறிவித்தபோதும் முட்கம்பி வேலியில் காவல் தளரவில்லை.