வேடமும் விரிவெளியும்: ஸ்கைரிம் ஆட்டத்தின் நிறைகுறைகள்

ஒருவன் தான் அல்லாத பிறனொருவனாய்ச் சிறிது பொழுது வாழ விரும்புதல் மக்கட் குலத்தின் பழைய இயல்பு. கூத்தும் நாடகமும் அவ்விருப்பத்திற் பிறந்தவையே. ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தை ஆண்ட 18 ஆம் நூற்றாண்டில் இணுவிலில் வாழ்ந்த சின்னத்தம்பிப் புலவர் கோவலன் நாடகம், அனுருத்திர நாடகம், நொண்டி நாடகம் என்பவற்றை இயற்றினார் என்பர். இவற்றுள் நொண்டி நாடகம் என்பது தமிழில் ஒரு தனிவகை. திருச்செந்தூர் நொண்டி நாடகமும் சீதக்காதி நொண்டி நாடகமும் அவ்வகையைச் சார்ந்தவை. அவ்வகை நாடகத்தின் தலைவன் முடவனாய் அரங்கில் தோன்றித் தன் பழங்கதையைத் தானே உரைப்பான். பரத்தையிடம் பொருளிழந்தமை, களவிற் புகுந்தமை, குதிரை திருடப் போய் அகப்பட்டமை, உறுப்புத் துணிக்கப்பட்டமை ஆகியன முறையே வரும். இறுதியில் இறையருளால் இழந்த உறுப்பை அவன் பெறுவான். அதுகாறும் அவ்வேடம் பூண்டவன் ஒற்றைக் காலிலேயே ஆடல் வேண்டும். செய்த வினை செய்தவனுடைய உடம்பிலே எழுதப்பட்டு நிற்றலால், காண்போர் அதனை ஒரு கணமும் மறத்தற்கில்லை.

கூத்தில் வேடம் புனைபவர் சிலர், காண்போர் பலர். காண்போனே வேடம் ஏற்றுக் கதையின் போக்கையும் தானே தெரிந்துகொள்ளும் ஆட்டமுறை ஒன்று 1974 இல் அமெரிக்காவில் வெளிவந்தது. கேரி கைகக்ஸ், டேவ் ஆர்னிசன் என்னும் இருவர் ஆக்கிய டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸ் என்பது அதன் பெயர். மேசையைச் சுற்றிச் சிலர் அமர்ந்து, ஒருவர் வாள்வீரராகவும் ஒருவர் மந்திரவாதியாகவும் தம்மைப் பாவித்துக்கொள்வர். தாயக்கட்டையை ஒத்த பன்முகக் கட்டைகளை உருட்டி வெற்றி தோல்வி காண்பர். நடுவர் ஒருவர் இருந்து அக்கற்பனை உலகினை வருணிப்பார். அந்நடுவரின் பெருஞ்சிறப்பு அவருடைய நினைவாற்றலே. சென்ற கிழமை ஒரு வீரன் சத்திரக்காரனை ஏமாற்றினானாயின் இக்கிழமை அச்சத்திரத்தின் கதவு அவனுக்குத் திறவாது. கணினி வந்தபின் நடுவர் இருந்த இடத்தில் இயந்திரம் அமர்ந்தது. ஸ்கைரிம் என்னும் ஆட்டத்தின் நிறையையும் குறையையும் ஆராய்வார் இம்மாற்றத்தை முதற்கண் மனத்திற் கொள்ளல் வேண்டும்.

ஸ்கைரிம் திடீரெனத் தோன்றியதொன்றன்று. மேரிலாந்து மாநிலத்துப் பெதெஸ்டா நிறுவனத்தார் வெளியிட்ட எல்டர் ஸ்க்ரோல்ஸ் வரிசையில் அது ஐந்தாவது. அரீனா 1994 இலும், டாகர்ஃபோல் 1996 இலும், மொரோவின்ட் 2002 இலும், ஒப்ளிவியன் 2006 இலும் அதற்கு முன் வந்தன. இவ்வரிசையின் வரலாறு பரப்பிற்கும் பொருளுக்கும் இடையே நிகழ்ந்த நெடிய வழக்கு எனலாம். டாகர்ஃபோலின் நிலப்பரப்பு ஒன்றரை இலட்சம் சதுர கிலோமீற்றருக்கு மேற்பட்டதென்பர். இலங்கைத் தீவின் பரப்பு 65,610 சதுர கிலோமீற்றரே. இரண்டு இலங்கைகளைக் கொள்ளும் அவ்வுலகில் ஊர்களும் குகைகளும் பிறவுமாக 15,000 இற்கு மேற்பட்ட இடங்கள் இருந்தன. அவற்றுட் பெரும்பாலானவற்றைக் கணினியே விதிவழி வகுத்தமையால் ஓர் ஊரைக் கண்டவன் பல ஊர்களைக் கண்டவனானான். பெரிது, ஆயின் வெறிது.

அடுத்து வந்த மொரோவின்ட் இதற்கு நேர்மாறானது. நிலம் ஒரு சிறு தீவாகச் சுருங்கியது. ஆனால் ஒவ்வொரு மேடும் மனையும் கையால் ஆக்கப்பட்டன. போகும் இடத்தைக் காட்டும் குறி திரையில் இல்லை. பாலத்தைக் கடந்து இடப்புறம் திரும்புக என்றாற்போல ஊரவர் சொல்லும் வழியைக் கேட்டே செல்லல் வேண்டும். அந்நாட்டுப் பெருங்குடிகளுள் ஒன்றைச் சார்ந்தவன் அதன் பகைக்குடியிற் சேர்தல் இயலாது. கதைக்கு இன்றியமையாத ஒருவரைக் கொன்றுவிட்டால், ஊழின் இழை அறுந்தது என்னும் எச்சரிக்கை திரையில் தோன்றும். ஆட்டம் மட்டும் தொடரும். அறுந்த இழையோடு அந்த உலகில் வாழ்வதா, பழைய நிலைக்கு மீள்வதா என்பது ஆடுவோன் பொறுப்பு. நொண்டி நாடகத்தை அறிந்தவர்க்கு இது புதிதாய்த் தோன்றாது.

ஸ்கைரிம் 2011 ஆம் ஆண்டு நவம்பர் 11 ஆம் நாள் வெளிவந்தது. அதனை நெறிப்படுத்தியவர் ரொட் ஹவர்ட். 2023 ஆம் ஆண்டளவில் 6 கோடிப் படிகளுக்கு மேல் விற்பனையாயின என அவரே கூறினார். வடபுலத்துப் பனிநாடு ஒன்று அதன் களம். பரப்பு ஏறத்தாழ 37 சதுர கிலோமீற்றர். இணுவிலை நடுவாகக் கொண்டு மூன்றரைக் கிலோமீற்றர் ஆரையுடைய வட்டம் ஒன்று இட்டால் அந்நாடு அதனுள் அடங்கும். கோண்டாவில், தாவடி, சுதுமலை, மருதனார்மடம் என்று சுற்றிவரும் அளவே அது. இத்துணைச் சிறிய நிலத்தை ஒரு பெருநாடாகத் தோன்றச் செய்தமை ஆக்கியோரின் முதல் வெற்றி. மலையும் பள்ளத்தாக்கும் பார்வையை மறைத்தும் திறந்தும் தூரத்தை வளர்க்கின்றன. கண்ணுக்குத் தெரியும் மலையுச்சிக்கு நடந்தே செல்லலாம். 7,000 படிகள் என்று ஊரவர் வழங்கும் மலைவழியில் ஏறினால், மௌனத்தைத் தவமாகக் கொண்ட முதியோர் வாழும் மடம் ஒன்று உண்டு. அவர்கள் வாய்திறவாமை சொல்லறியாமையால் அன்று. அவர்தம் சொல்லின் ஆற்றலை நிலம் தாங்காமையால். மந்திரமொழியின் இலக்கணத்தைப் படித்தறிந்த சைவ மாணாக்கர்க்கு இப்பகுதி பெரிதும் சுவைக்கும்.

கல்வி பற்றிய கருத்தொன்றும் அதில் உண்டு. இவ்வகை ஆட்டங்கள் பலவற்றில் பகைவரைக் கொன்று ஈட்டிய புள்ளிகளை வேண்டிய திறமைக்குப் பகிர்ந்தளிப்பர். ஸ்கைரிமில் அவ்வாறன்று. வாளெடுத்தவனுக்கு வாளும், பூட்டுத் திறந்தவனுக்குப் பூட்டும், மருந்தரைத்தவனுக்கு மருந்தும் கைவரும். பதினெட்டுத் திறமைகளும் பழக்கத்தாலேயே வளர்வன. செந்தமிழும் நாப்பழக்கம் என்னும் நாட்டார்க்கு இதனை விளக்கல் வேண்டா. ஆனால் இரும்புக் குறுவாள் ஒன்றையே நூற்றுக்கணக்கிற் செய்து குவித்துக் கொல்லுத் தொழிலில் வல்லுநரானோரும் உளர். தேர்வு நோக்கி மட்டும் படிக்கும் மாணாக்கர் எந்த உலகிலும் இருப்பர் போலும். பின்னர் வந்த திருத்தம் ஒன்று அக்குறுக்குவழியின் பயனைக் குறைத்தது.

ஜெரமி சோல் அமைத்த இசையும் தனியே குறிக்கத்தக்கது. தலைப்புப் பாடலை ஆடவர் குழு ஒன்று பறவைநாகங்களின் மொழியிற் பாடுகின்றது. அம்மொழி இவ்வாட்டத்திற்கெனப் புனையப்பட்டது. அதற்கு நகக்கீறலை ஒத்த எழுத்தும் வகுக்கப்பட்டுள்ளது. ஊர்தோறும் நூல்கள் கிடக்கின்றன. ஒரே போரைப் பற்றி ஒரு நூல் ஒருவாறும் மற்றொன்று வேறொருவாறும் கூறும். எதனை நம்புவது என்பதை ஆட்டம் சொல்வதில்லை. வரலாறு கற்போர்க்கு இதனினும் நல்ல பயிற்சி அரிது.

இனிக் குறைகளை நோக்குதல் தகும். அந்நாட்டில் வீரர் சங்கம், மந்திரக் கல்லூரி, கள்வர் கூட்டம், கொலைஞர் குழு என நான்கு அமைப்புகள் உண்டு. ஒரே ஆள் நான்கிற்கும் தலைவனாகலாம். மந்திரம் மிகச் சிலவே அறிந்த வாள்வீரனும் சில நாளில் மந்திரக் கல்லூரியின் அதிபராவான். இத்துணை எளிதில் அதிபர் பதவி கிட்டும் கல்லூரி வேறெங்கும் இருத்தல் அரிது. காவலர் சிலர் ஓரிரு சொற்களாற் குறிப்பிடுவதன்றி உலகம் அதனைப் பொருட்படுத்துவதில்லை. ஊரறியக் கொலை செய்தவன் 1,000 பொன் தண்டம் இறுத்தால் வழக்கு முடிந்தது. பொன் இல்லாதவன் சிறைக்கட்டிலில் உறங்கி எழுந்தால் அதுவும் முடிந்தது. கதைக்கு வேண்டியவரென வகுக்கப்பட்டோரை வெட்டினாலும் அவர் இறவார். முழந்தாளிட்டுச் சிறிது நேரம் தளர்ந்திருந்து பின் எழுவர். மொரோவின்ட் விடுத்த எச்சரிக்கை ஒன்பது ஆண்டில் தேவையற்றதாயிற்று. இழை அறுவதற்கு இடமே இல்லை. உலகை விழுங்க வந்த பெரும் பறவைநாகத்தைக் கொன்று மீண்ட வீரனிடமும் ஊரவர் முன்போலவே சில்லறை ஏவல்களைக் கூறுவர். அவ்வேவல்களை முடிவின்றிப் பிறப்பிக்கும் பொறி ஒன்றும் ஆட்டத்தில் அமைந்துள்ளது. டாகர்ஃபோலின் வெறுமை இவ்வாறு வேறொரு வாயிலால் மீண்டும் நுழைந்தது.

முன்னொரு காலத்தில் தாமும் வீரப்பயணம் செய்ததாகவும், முழங்காலில் அம்பு தைத்தமையால் அதனைக் கைவிட்டதாகவும் காவலர் பலர் கூறுவர். அச்சொல் உலகெங்கும் நகைச்சுவையாய்ப் பரவியது. ஆயினும் அவ்வுலகில் செய்த தொழிலின் தழும்பைச் சுமந்து திரியும் நொண்டிகள் அக்காவலரே. தலைவனுக்கு அத்தழும்பு இல்லை. நகைப்பிற்குரியவராய் நிற்பவரிடத்தேயே நாடகத்தின் உயிர் இருப்பதை எண்ணுதல் வேண்டும்.

இக்குறை மிகவும் உறுத்துவது சமயம் பற்றிய பகுதியில் ஆகும். அந்நாட்டு மக்கள் தாலோஸ் என்னும் தெய்வத்தை வழிபடுவோர். பேரரசு ஒரு பெரும்போரில் நலிந்து அயலவரோடு உடன்படிக்கை செய்தது. அவ்வழிபாடு ஒழிதல் வேண்டும் என்பது அதன் விதிகளுள் ஒன்று. அயலவரின் அதிகாரிகள் ஊரூராய்த் திரிந்து வழிபடுவோரைப் பிடித்துச் செல்வர். மக்கள் மறைவிடங்களில் வணங்குவர். நாடு இரண்டாய்ப் பிளந்து உள்நாட்டுப் போர் மூள்கின்றது. போர்த்துக்கேயர் 1621 இல் நல்லூர்க் கந்தசுவாமி கோயிலை இடித்ததையும், 1658 இன் பின் ஒல்லாந்தரும் ஆலய வழிபாட்டைத் தடுத்ததையும் அறிந்த யாழ்ப்பாணத்தவர்க்கு இக்கதை அயற்கதையன்று. ஆக்கியோர் எடுத்துக்கொண்ட பொருள் உயர்ந்தது. அதனை நடத்திய முறையோ மெலிந்தது. வழியில் எதிர்ப்படும் அவ்வதிகாரிகள் தாலோஸ் வழிபாடு பற்றி வினவுவர். வழிபடுவதாகக் கூறினாற் போர் தொடுப்பர். அவர்களை வெட்டி வீழ்த்தியபின் ஆடுவோன் தன் வழியே செல்லலாம். உள்நாட்டுப் போரில் எப்பக்கம் வென்றாலும் சிற்றரசர் சிலரும் காவலரின் உடையும் மாறுவதன்றி ஊர் வாழ்வு பெரிதும் வேறுபடுவதில்லை.

இணுவிலுக்கு அணித்தாயுள்ள திருநெல்வேலியில் வாழ்ந்த ஞானப்பிரகாச முனிவரின் வரலாறு இங்கு ஒப்புநோக்கத்தக்கது. போர்த்துக்கேயரின் உணவுக்கு வீட்டுக்கொரு பசுவாக முறைவைத்துக் கொடுக்கும்படி கட்டளை இருந்தது. தம் முறை வந்தபோது அதற்கு உடன்படாத அவர் முதல்நாள் இரவே ஊரை நீங்கி இந்தியாவை அடைந்தார் என்பது செவிவழி வரலாறு. சிதம்பரத்தில் அவர் பெயராலுள்ள திருக்குளம் இன்றும் உண்டு. ஒருவன் ஒன்றனை மறுத்தால் ஊரையே இழக்க நேரும் என்பது அக்கதையின் கனம். எல்லா வாயிலும் எல்லார்க்கும் எந்நாளும் திறந்திருக்கும் விரிவெளியில் அக்கனம் எவ்வாறு தங்கும்?

இவ்வகை ஆட்டத்தில் அது தங்கவே மாட்டாது என முடிவு செய்தலும் பொருந்தாது. போலந்து நாட்டார் 2015 இல் வெளியிட்ட விட்சர் 3 இதற்குச் சான்று. குன்றொன்றின் அடியிற் சிறைப்பட்ட ஆவியைத் தலைவன் விடுவித்தானா கொன்றானா என்பதற்கேற்ப, நெடும்பொழுது கழித்து, ஒரு குடும்பத்தின் முடிவும் தாய்தந்தையற்ற சிறுவர் சிலரின் முடிவும் வேறுபடும். செய்த அன்று பயன் தெரியாது. தெரியும்போது திருத்த இயலாது. ஆனால் அதில் தலைவன் கெரால்ட் என்னும் ஒருவனே. ஆண்பெண், குலம், தொழில் என யாதொன்றையும் ஆடுவோன் தெரிதற்கில்லை. ஸ்கைரிம் தந்த உரிமையின் ஒரு பகுதியை விற்றே விட்சர் வினைப்பயனை வாங்கியது. இரண்டையும் ஒருங்கே பெறுதல் ஆக்குவோர்க்கு மிகக் கடிய பணி. ஒவ்வொரு செயலுக்கும் ஒவ்வொரு கிளைக்கதை வேண்டும். கிளை பெருகப் பெருகப் பெரும்பாலோர் காணாத காட்சிகளுக்கும் பொருளும் உழைப்பும் செலவாகும். ஸ்கைரிமிலும் உலகம் நினைவிற் கொள்ள வேண்டியவை மிகுந்தபோது இயந்திரம் திணறியதுண்டு. பிளேஸ்டேஷன் 3 கருவியில் நெடுநாள் ஆடியோர் ஆட்டம் அடிக்கடி தடைப்படுவதாக முறையிட்டனர். வீட்டுப் பரணில் வைத்த கோப்பை எங்குள்ளது என்பதை மறவாத உலகம், அவ்வீட்டான் செய்த கொலையைத் தண்டம் இறுத்தவுடன் மறந்துவிடுவது விந்தையே.

குறைகளைத் திருத்தியோருட் பலர் ஆடுவோரே. 2012 பெப்ரவரியில் நிறுவனம் ஆக்கக் கருவிகளை இலவசமாய் வெளியிட்டபின், புதிய ஊர்கள், புதிய கதைகள், பிழைத்திருத்தங்கள் எனப் பல்லாயிரம் சேர்க்கைகளை அவர்கள் இயற்றினர். ஏட்டுச்சுவடிகளில் இடைச்செருகலைக் கண்டு வருந்தும் பதிப்பாசிரியர் இங்கு அதனை வரவேற்பதைக் கண்டு வியப்பர். தலைமைப் பாத்திரங்களும் இறக்கும்படி விதியை மாற்றிய சேர்க்கைகளும் அவற்றுள் உண்டு. 2015 ஏப்பிரலில் இச்சேர்க்கைகளை விலைக்கு விற்கும் திட்டம் ஒன்று தொடங்கப்பட்டது. எதிர்ப்புப் பெருகவே சில நாட்களுள் அது கைவிடப்பட்டு, வாங்கியோர்க்குப் பணம் திருப்பிக் கொடுக்கப்பட்டது. ஏறத்தாழ ஒரு கோடி மக்கள் பேசும் செக் மொழியில் நிறுவனத்தின் பதிப்பே உரைப்பெயர்ப்போடு வந்தது. ஏழு கோடிக்கு மேற்பட்டோர் பேசும் தமிழில் வரவில்லை. நூற்றுக்கணக்கான அந்நூல்களையும், அம்மலைமடத்து முதியோரின் சொற்களையும் தமிழ் மாணாக்கர் பிறமொழி வழியாகவே படிக்கின்றனர்.